புதினாவுக்கு ஒரே ஒரு பாஸ்

புதினாவுக்கு உடம்பு முடியாமல் போன அன்றே குமுதவல்லி வீட்டு அடுக்களை எட்டடி தள்ளிப் போய்விட்டது. சீக்காளி இருக்கிற வீட்டில் இதெல்லாம் சகஜம். அவள் அலட்டிக்கொள்ளவில்லை. ஹாலிலிருந்து நாலு எட்டில் போகிற இடத்துக்கு ஏழு எட்டு வைத்துப் போனாள், அவ்வளவுதான்.

புதினா ஒரு பட்ஜி, குட்டிக் கிளி. கடைக்காரர் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லித்தான் கொடுத்தார். ஒற்றையாக இருந்தாலும் ஊரில் அதற்கு அதுதான் பேர். பச்சை உடம்பு, மஞ்சள் முகம், மூக்குக்கு மேல் நீலம். நீலம் இருந்தால் ஆண். உறையூரில் இரண்டாவது மாடி வீடு. அடுக்களை ஜன்னலோரம் அதன் கூண்டு.

அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு பேச்சு. "குமுதா, சாப்டியா?"

மற்றவர்கள் வணக்கம் சொல்லித் தருவார்கள், சாமி பேர் சொல்லித் தருவார்கள். இவள் கூண்டு முன்னால் நின்றுகொண்டு, "குமுதா, சாப்டியா? குமுதா, சாப்டியா?" என்று தன்னைத்தானே ஏழு மாதம் கேட்டாள். எட்டாவது மாதம் அது கேட்டது. அச்சு அசலாக அவள் குரலிலேயே கேட்டது.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். அந்த வீட்டில் வேறு யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. வேறு யாரும் என்றால் இருப்பது ஒரே ஆள்தான், புருஷன் தண்டபாணி. பாலிடெக்னிக்கில் ஸ்டோர் கீப்பர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. சாப்பிடுவார், கை கழுவுவார், துண்டு எங்கே என்று கேட்பார். துண்டைக் கேட்கத் தெரிந்த மனுஷனுக்கு இதைக் கேட்க மட்டும் வாயில் என்ன கொழுக்கட்டையா? போகட்டும். புதினா தினமும் மத்தியானம் கேட்கும். "ஆச்சுடா கண்ணு" என்பாள். அவளுக்கு அது போதும்.

செவ்வாய்க்கிழமை அது கேட்கவில்லை. உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடித்தட்டில் உட்கார்ந்திருந்தது. மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கியது.

புதிதாக உண்டான எட்டடியில் பறவை டாக்டர் ஒருவர் கிளினிக் போட்டிருந்தார். அலைச்சல் மிச்சம். அவர் புதினாவை ஒரு கையில் பிடித்து, மறுகையால் வயிற்றுச் சிறகை ஊதிப் பார்த்தார்.

"எத்தன நாளா?"

"இன்னைக்குக் காலையிலேருந்துதாங்க டாக்டர்."

"பத்து நாளா முடியல இதுக்கு. பறவைங்க சீக்க வெளிய காட்டாது. மறைக்கும்."

"எங்கிட்டயுமா?"

"உங்ககிட்ட மறைச்சிருக்கு. வேற யார்கிட்டயாச்சும் சொல்லியிருக்கும்."

"எங்க வீட்ல வேற யாருங்க இருக்கா?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்? சூடு குடுங்க. அதுதான் மருந்து."

அவள் கொடுத்தாள். நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றைக் கூண்டுக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டாள். மூன்று பக்கமும் பழைய பருத்திச் சேலையால் மூடினாள். அது ஏற வேண்டாம் என்று உட்காரும் குச்சியை இறக்கிக் கட்டினாள். தினையை ஊறவைத்து விரல் நுனியில் நீட்டினாள். குளுக்கோஸ் தண்ணீரை இங்க் ஃபில்லரில் எடுத்து அலகோரம் சொட்டுச் சொட்டாக விட்டாள். கூண்டுக்கு அடியில் விரித்த பேப்பரை எடுத்து, எச்சம் கெட்டியாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தாள். பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு செய்வார்களா தெரியாது. அவளுக்குப் பிள்ளை இல்லை.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் கூண்டுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, "கேளுடா. ஒரு தடவ கேளுடா" என்பாள். அது கண்ணை மூடிக்கொள்ளும்.

அடுக்களை தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் இருபது எட்டு. ஐந்தாம் நாள் செருப்புப் போட்டுக்கொண்டு போக வேண்டியதாயிற்று. ஆறாம் நாள் நடுவழியில் ஒரு டீக்கடை வந்துவிட்டது. டீ சுமார்தான். தண்டபாணி ஹாலில் உட்கார்ந்தபடியே, "சாம்பார் ஏன் ஆறிப் போயிருக்கு?" என்றார். அவ்வளவு தூரத்திலிருந்து வருகிற சாம்பார் ஆறாமல் என்ன செய்யும்?

"அடுப்படி தூரமாயிடுச்சுங்க."

"எல்லாம் அந்தச் சனியனாலதான்" என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தேடினார்.

ஏழாம் நாளிலிருந்து ஜனங்கள் புதினாவைப் பார்க்க வர ஆரம்பித்தார்கள். சீக்காளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது அல்லவா? ஆளுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு பிரட் பாக்கெட், நாலு சாத்துக்குடி. அவள் சொந்தக்காரர்கள், அவர் சொந்தக்காரர்கள், இதே கட்டடத்தில் பத்து வருஷமாகச் சிரிக்காதவர்கள் எல்லோரும் வந்தார்கள். கூண்டு முன்னால் நின்று "ச்சு... ச்சு..." என்றார்கள். போன வருஷம் அவள் டைஃபாய்டில் இருபது நாள் கிடந்தாள். ஒரு பிரட் துண்டு வந்ததா? ஆனாலும் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள்.

அப்படி வந்தவர்களோடு வந்த ஒருவர் திரும்பிப் போகவில்லை. காக்கிச் சட்டை, கக்கத்தில் ஒரு நோட்டு. தண்டபாணி அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். இரண்டு பேரும் பால்கனியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினார்கள். அவள் கொண்டுபோன காபியை ஒரு காகிதத்தின் மேல் வைத்துக் குடித்தார்கள். ஆபீஸ் விஷயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் புதினா தானாக ஒரு தினையை உரித்துத் தின்றது. அலகைத் துடைத்தது. பிறகு அவளைப் பார்த்து, "குமு..." என்றது. அதற்கு மேல் வரவில்லை.

அடேயப்பா, அவள் அழுத அழுகை! இன்னும் ஒரு நாள். மிஞ்சிப் போனால் இரண்டு நாள். முழுசாகக் கேட்டுவிடும். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு நடந்தாள். அது எப்போது கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு, போனதும் ஒரு வாய் சாப்பிட்டாள்.

பத்தாம் நாள் காலை அடுக்களை வாசலில் மேஜை போட்டு அந்தக் காக்கிச் சட்டைக்காரர் உட்கார்ந்திருந்தார். செக்யூரிட்டியாம்.

"எங்கம்மா போறீங்க?"

"உள்ள. புதினாவுக்குத் தண்ணி விடணும்."

"பாஸ் இருக்கா?"

"என்ன பாஸ்?"

"அட்டெண்டர் பாஸ். பேஷண்ட் கூட இருந்து பாத்துக்கறவங்களுக்கு. ஒரு பேஷண்டுக்கு ஒரு பாஸ்தான்."

"இது எங்க வீடுங்க. அது என் அடுப்படி."

"யாரு இல்லேன்னா? நோயாளிக்கு நீங்க என்ன உறவு?"

"நான்தாங்க வளக்குறேன்."

"வளக்குறதெல்லாம் உறவு இல்லம்மா." அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். கட்டம் கட்டமாக இருந்தது. கணவர், மனைவி, மகன், மகள், தெரிந்தவர். "இதுல எதுன்னு சொல்லுங்க."

அவள் கட்டங்களைப் பார்த்தாள். எதிலும் கை வைக்கவில்லை. "அதையே கேளுங்க. அதுக்கு யாரு வேணும்னு அதையே கேளுங்க. பத்து நாளா கண்ண மூடல நான்" என்றாள்.

"கேட்டாச்சு. எழுதிக் குடுத்துருக்கு."

ஃபைலிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். கீழே நாலு விரல் பதிந்த கால் ரேகை, பச்சை மசியில். அதற்குப் பக்கத்தில் பெறுபவர் கையெழுத்து. அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியும். கேஸ் சிலிண்டர் புத்தகத்தில் பார்த்திருக்கிறாள். காகிதத்தின் ஓரத்தில் காபி டம்ளர் வைத்த வட்டம் இருந்தது. அவள் போட்ட காபி.

"அட்டெண்டர், தண்டபாணி" என்று செக்யூரிட்டி வாசித்தார். "மூணு நாளாச்சே, உங்ககிட்ட சொல்லலியா அவரு?"

"சொல்லல."

"காரணமும் எழுதியிருக்கு. வாசிக்கவா?"

கேட்டுவிட்டு, புதினா எழுதிக் கொடுத்ததை அவரே வாசித்தார்.

"அந்தம்மா நல்லாத்தான் பாத்துக்கறாங்க. ஆனா கேளு, கேளுன்னு உசுர வாங்குறாங்க. நான் பொழைக்கறதே அவங்களக் கேக்கறதுக்குத்தான்னு நெனைக்கறாங்க. சாரு ஒண்ணும் கேக்கச் சொல்றதில்ல. சும்மா பக்கத்துல நின்னு பேப்பர் படிப்பாரு. எனக்கு முடியலேன்னு அவர்கிட்டதான் மொதல்ல சொன்னேன்."

அட பாவி! அவளுக்குப் பத்து நாள் முன்னாலேயே தெரிந்து வைத்துக்கொண்டுதானே சனியன் என்று திட்டினார்? அவள் நெஞ்சு திகுதிகுவென்று எரிந்தது. புருஷன் மேல் வந்த கோபம்கூடப் பழகிய கோபம்தான். புதினாவை நினைத்தால்தான் தாங்கவில்லை. நன்றி கெட்ட ஜென்மம். இந்த விரலால்தானே ஊட்டினாள்? அது எழுதியதில் பொய்யும் இல்லை என்பது இன்னும் எரிந்தது. கேட்க வேண்டும் என்றுதான் பிழைக்க வைத்தாள். அதில் என்ன தப்பு? ஒரு வாய்ப் பேச்சு, அதைக்கூட ஆசைப்படக்கூடாதா ஒரு மனுஷி?

"நான் அதப் பாக்கணும்."

"பாருங்களேன், யாரு வேணாங்குறா? நாலு மணிக்கு மேல பார்வையாளர் நேரம். அதுக்குன்னு இப்படிக் கைய வீசிக்கிட்டு வராதீங்க."

உள்ளே அலமாரியில் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வரிசையாக நின்றன. அதில் ஒன்றை எடுத்துக் கொடுக்கலாமா என்று கேட்டாள். அதெல்லாம் நோயாளியின் பொருள் என்றார் செக்யூரிட்டி.

"இன்னொன்னும்மா. அட்டெண்டர் வெளிய வரக்கூடாது. அவருக்குச் சாப்பாடு வீட்லேருந்துதான் வரணும்."

ஹாலுக்கு அவ்வளவு தூரம் திரும்பி நடந்தாள். அடுப்பு உள்ளே மாட்டிக்கொண்டதால், சோபாவுக்கு முன்னால் கரண்ட் அடுப்பை வைத்துச் சமைத்தாள். எதற்குச் சமைக்கிறோம் என்று கேட்டுக்கொண்டேதான் கத்தரிக்காய் அரிந்தாள். கை அது பாட்டுக்குச் செய்தது. தூக்குக் கேரியரில் சாதம், புளிக்குழம்பு, பொரியல் என்று மூன்று அடுக்கு வைத்தாள். வழியில் டீக்கடையில் ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று வாங்கிக்கொண்டாள்.

நாலு மணிக்கு அடுக்களை வாசலில் வரிசை நின்றது. எல்லார் கையிலும் சாத்துக்குடி. அவள் ஒன்பதாவது ஆள். அவள் முறை வந்தபோது செக்யூரிட்டி கேரியரை வாங்கி உள்ளே நீட்டினார். தண்டபாணியின் கை மட்டும் வந்து வாங்கிக்கொண்டது. கதவுக்குப் பின்னால் அவர் தோளில் துண்டு தெரிந்தது. துண்டு எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?

கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். பல்பு சரியான தூரத்தில் தொங்கியது. சேலையால் மூன்று பக்கமும் ஒழுங்காக மூடியிருந்தார். புதினா மேல் குச்சியில் உட்கார்ந்திருந்தது. சிறகெல்லாம் வழவழவென்று படிந்திருந்தது. வால் ஆடவில்லை. பூரண குணம்.

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்? கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"தண்டபாணி, சாப்டியா?"

அவளுடைய குரலேதான். ஏழு மாதம் அவள் சொல்லிக் கொடுத்த அதே இழுப்பு, கடைசியில் அதே செல்லம். பெயர் மட்டும் வேறு.

கேரியர் மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

"இல்லடா கண்ணு. சாப்பாடு இப்பதான் வந்துச்சு" என்றார் தண்டபாணி. கொஞ்சம் பொறுத்து, அவர் வாயிலிருந்து அவள் கேட்டே இராத ஒரு மெதுவான குரலில், "நீ சாப்டியா?" என்றார்.

குமுதவல்லி திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"பாத்தாச்சாம்மா? பின்னால ஆளுங்க நிக்கறாங்க" என்றார் செக்யூரிட்டி. ஹார்லிக்ஸை வாங்கி மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு நோட்டைத் தள்ளினார். "காலி கேரியர நாளைக்கு வந்து வாங்கிக்கங்க. உறவுன்னு போட்ட எடத்துல ஒரு டிக் போட்டுட்டுப் போங்க."

அவள் பேனாவை வாங்கி, தெரிந்தவர் என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாளைக்கு என்ன குழம்பு வைப்பது என்று யோசித்துக்கொண்டே நடந்தாள்.