மூன்று மீன்களுக்கான தண்ணீர்

பிலோமினாளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. புதூர்நாட்டுத் துணை சுகாதார நிலையத்துக்கு நர்ஸாக வந்தபோது, இரண்டு வருஷத்தில் மலைக்குக் கீழே எங்காவது மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். போகாமல் இருந்ததற்குக் காரணம் செல்லி.

செல்லி பிறந்த அன்றே அவளுடைய தாய் இறந்துபோனாள். பிரசவம் பார்த்தது பிலோமினாள்தான். உதிரப்போக்கு நிற்கவில்லை. ஜீப்புக்கு ஆள் அனுப்பி, அது மலையேறி வந்து சேர்வதற்குள் உடம்பு சில்லிட்டுவிட்டது. சில நாள் கழித்து, அந்தப் பெண்ணின் புருஷன் மாதையன் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நர்ஸின் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றான். மீசை சரியாக முளைக்காத வயசு அவனுக்கு.

"குடகுல காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போறேங்க. ஒரு மாசம் வச்சிக்கிங்க. வந்து கூட்டிக்கினு போய்டறேன்" என்றான்.

பிலோமினாள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். ஒரு மாசம் ஏழு வருஷமாயிற்று. தோட்டத்திலிருந்து வருகிறவர்கள், மாதையன் நன்றாக இருக்கிறான் என்று எப்போதாவது சொல்வார்கள். அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் நர்சம்மாவாக இருந்தவள் செல்லிக்கு மட்டும் அம்மா. காய்ச்சலில் மடியில் கிடத்தி, ஜெபம் சொல்லித் தூங்க வைத்து, அகரம் எழுத விரல் பிடித்து வளர்த்ததில், பெற்றவள் வேறு ஒருத்தி என்பது பிலோமினாளுக்கே பல நாள் மறந்துபோயிருந்தது.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசி மழை விட்டபோது, செல்லி மருந்து அறைக்குப் பின்னால் ஒரு கண்ணாடித் தொட்டியைக் கண்டுபிடித்தாள். இரும்புச் சட்டம் போட்டு, மூலைகளில் ஒழுகாமலிருக்க மக்கு பூசிய தொட்டி. கொசுப்புழு தின்னும் மீனை ஜனங்களுக்குக் காட்டுவதற்காக மலேரியா இன்ஸ்பெக்டர் கோபால்சாமி எப்போதோ கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனது.

"அம்மா, இதுல மீன் வளக்கலாமா?"

"வளக்கலாமே" என்றாள் பிலோமினாள்.

அவள் நர்ஸ் அல்லவா, எதையும் நர்ஸ் மாதிரிதான் செய்வாள். தொட்டியை ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தாள். மணலை அடுப்பில் ஏற்றிக் கொதிக்க வைத்தாள். தண்ணீரையும் காய்ச்சி ஆறவைத்து ஊற்றினாள். தொட்டி பளபளவென்று ஊசி வேகவைக்கும் தட்டு போல இருந்தது. செல்லி ஓடையிலிருந்து சல்லடையில் பிடித்து வந்த பொடி மீன்கள் ஏழெட்டை அதில் விட்டார்கள். மறுநாளே அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அந்த வாரம் தாண்டுவதற்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

செல்லி அழவில்லை. "சுத்தமாத்தானம்மா வச்சோம்?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த முறை கோபால்சாமி வந்தபோது பிலோமினாள் விஷயத்தைச் சொன்னாள். மாவட்ட ஆபீஸில் மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொண்ட அனுபவம் அவருக்கு இருந்தது. கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எனக்கும் மொதல்ல அப்டித்தாம்மா செத்துச்சு. மீனோட கழிவு தண்ணியில நஞ்சாயிடுது. அதத் தின்னு தீக்கற கிருமி மண்ணுல, கல்லுல, இலையில எல்லாம் ஒட்டி வளரணும். நீங்க கிருமியே இல்லாம பண்ணிட்டீங்க. ஓடை மண்ணப் போடுங்க, மேல மணலு. பாசியும் செடியும் தொட்டி நெறய நட்டு, சும்மா வுட்டுடுங்க. தண்ணி பழுக்கணும். அதுக்கப்புறம் மூணே மீன். பேராசப்பட்டு அதுக்கு மேல வுடாதீங்க."

கிருமி என்றால் கொல்ல வேண்டியது என்றே படித்து, கொன்றே பழகியவள் பிலோமினாள். நல்ல கிருமி வளர்வதற்காகக் காத்திருப்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. செல்லிக்கோ அதில் சந்தேகமே இல்லை. இருவரும் ஓடைக்குப் போய்க் கறுப்பு மண்ணைக் கூடையில் அள்ளி வந்தார்கள். வேலம்பாசியைக் கொத்துக் கொத்தாகவும், நாடா போல நீண்ட இலை உள்ள நீர்ப்புல்லை வேரோடும் பிடுங்கி வந்து, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சுவரே தெரியாதபடி நட்டார்கள். வெயில் கொஞ்சம் விழுகிற மாதிரி மருந்து அறை ஜன்னலோரம் வைத்தார்கள்.

முதலில் தண்ணீர் கழனித் தண்ணீர் போலக் கலங்கியது. பிறகு நட்ட இலைகள் அழுகிக் குழைந்தன. கண்ணாடியில் பச்சையாக வழுவழுப்பு ஏறியது. மண் வாசனையும் பாசி வாசனையும் அறையில் நின்றன. பிலோமினாளுக்குக் கை பரபரக்கும். "ஒரே ஒரு வாட்டி கழுவிட்டு ஊத்தறேன்டி" என்பாள். செல்லி தொட்டியை மறைத்துக்கொண்டு நிற்பாள். "பழுக்கட்டும்மா, சும்மா இரு" என்பாள், பெரிய மனுஷி மாதிரி.

மார்கழிப் பனி இறங்கிய சமயம் தண்ணீர் தானாகத் தெளிந்தது. அழுகின செடிகளின் அடியிலிருந்து புதுத் துளிர் வந்தது. யாரும் கொண்டுவந்து விடாத நத்தைகள் கண்ணாடியில் ஊர்ந்து பச்சையை மேய்ந்தன. காலை வெயில் படும்போது ஒவ்வொரு இலையிலிருந்தும் பொடிப் பொடியாகக் குமிழி கிளம்பும். செல்லி பள்ளிக்கூடத்துக்கு நேரமாவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். பொங்கல் முடிந்ததும் மீன் விடலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

பொங்கலுக்குத் தோட்டத்து ஆட்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களோடு மாதையன் வந்தான்.

பிலோமினாள் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் வெள்ளை வேட்டியோடு நின்ற ஆளை முதலில் அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தை.

"மாதையனுங்க. இவ எம் பொஞ்சாதி, மங்கம்மா" என்றான். பிறகு, "எம் பொண்ணக் கூட்டிக்கினு போலாம்னு வந்தேங்க" என்றான்.

பிலோமினாள் ஊசியைத் தட்டில் வைத்தாள். "இன்னா சொல்ற நீ? ஏழு வருசம் எங்க போன?"

"தப்புதாங்க. ஒண்டிக்கட்டையா லைன் வூட்டுல பத்துப் பேரோட கெடந்தேன். கைக்கொழந்தைய வச்சிக்கினு இன்னா பண்ண முடியும்? இப்ப தனி வூடு குடுத்திருக்காங்க. தோட்டத்துலயே பள்ளிக்கூடம் இருக்குது. நீங்க இல்லன்னா அவ இல்ல, அத நான் சாவறவரைக்கும் மறக்கமாட்டேன். ஆனா அவ எம் பொண்ணுங்க."

கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். பிலோமினாள் அவனை நிற்க வைத்துவிட்டு, முகாமுக்கு வந்திருந்த கோபால்சாமியிடம் ஓடினாள்.

"ஏதாச்சும் வழி இருக்குதாங்க சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெத்த அப்பன் வந்து கேக்கறான். தத்து எடுத்ததுக்கு எழுத்து கிழுத்து ஒண்ணும் இல்லியேம்மா. ஊரும் அவன் பக்கம்தான் பேசும்."

திரும்பி வந்து மாதையனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அவ மீன் வுடணும்னு ஆசையா இருக்கா. அத வுட்டுட்டு வரட்டும். அதுவரைக்கும் இரு." சில நாளாவது கிடைக்கும், அதற்குள் பிள்ளை மாட்டேன் என்று அழும், அழுதால் அவன் மனசு மாறும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. மாதையன் உடனே தலையாட்டினான்.

"மீன்தான? நானே புடிச்சித் தர்றேங்க."

மறுநாள் எல்லோரும் ஓடைக்குப் போனார்கள். வந்திருப்பது தன் அப்பா என்று கேள்விப்பட்டிருந்த செல்லி, பிலோமினாளின் சேலையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். மாதையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாறை மடுவில் இறங்கினான். சல்லடை வேண்டாம் என்றான். குனிந்து இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் குவித்து வைத்து, அசையாமல் நின்றான்.

"அது ஓடற பக்கம் தொரத்தாத கண்ணு. வர்ற பக்கமா கைய வச்சிக்கினு இரு. தானா வரும்."

செல்லி கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் கையில் முதுகில் கறுப்புக் கோடு ஓடும் சின்ன மீன் ஒன்று துள்ளியது. அடுத்ததை நீ பிடி என்றான். செல்லி சேலையை விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி குனிந்து நின்றார்கள். ஒரே மாதிரி வலப்பக்கம் சாயும் தலை. மீன் விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு போனபோது செல்லி வாய்விட்டுச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பைப் பிலோமினாள் அதுவரை கேட்டதில்லை. இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள் அவள்.

கரையில் உட்கார்ந்திருந்த பிலோமினாளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பிள்ளை அழப்போவதில்லை. தானே நாள் கேட்டு வாங்கி, தானே கூட்டி வந்து, தன் கண்முன்னாலேயே அவளை அவனிடம் ஒட்ட வைத்துவிட்டாள். மங்கம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அவ உங்களையே அம்மான்னு கூப்புடட்டும். நான் சித்தியா இருந்துக்கறேன்" என்றாள். அதைக் கேட்டபோதுதான் பிலோமினாளுக்கு அழுகை வந்தது. முகத்தைக் கழுவுகிறவள் போல ஓடைத் தண்ணீரை அள்ளி அள்ளி அடித்துக்கொண்டாள்.

மூன்று மீன்களையும் செல்லியே விட்டாள். அவை செடிகளுக்குள் போய் ஒளிந்துகொண்டன. மறுநாள் வெளியே வந்தன. அதற்கடுத்த நாள் நத்தை முட்டையைக் கொத்தித் தின்றன. மேலே வந்து வாயைப் பிளக்கவில்லை. தண்ணீர் நன்றாகப் பழுத்திருந்தது. தாமதிக்க ஒரு காரணமும் மிச்சமில்லை.

ஜீப் கிளம்பும்போது செல்லி மங்கம்மாவின் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ எப்பம்மா வருவ?"

"லீவு கெடச்சதும் வர்றேன்."

"தொட்டியக் கழுவிடாதம்மா."

"கழுவமாட்டேன்டி."

ஜீப் வளைவில் திரும்பும்வரை பிலோமினாள் கை ஆட்டினாள். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று யார் வந்து கூப்பிட்டும் திறக்கவில்லை. நர்சம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள்.

தொட்டிக்கு அவள் செய்ய வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. செடிகள் தானாக வளர்ந்தன. குறைந்த தண்ணீரை ஊற்றுவதோடு சரி. சில நாள் இரை போட மறந்துவிடுவாள். மீன்கள் எதையோ தின்று பிழைத்துக்கொண்டன. ஒன்றாவது நோயில் விழுந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுகூட ஒரு நாள் நினைத்தாள். நினைத்ததற்காக உடனே சிலுவை போட்டுக்கொண்டாள். ஊசிக்கு வரும் பிள்ளைகள் தொட்டியைப் பார்த்து அழுகையை நிறுத்தின. வீட்டுக்குள் ஒன்றுக்கு இரண்டு தட்டாக எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கும் பழக்கம் மட்டும் அவளுக்குப் போக வெகுநாள் ஆயிற்று.

லீவு கிடைத்தது. போகவில்லை. போனால் திரும்பி வர முடியாது என்று பயம். பிள்ளை நன்றாக இருப்பதாகவும், கன்னடம் பேசுவதாகவும், தம்பியைத் தூக்கிக்கொண்டே திரிவதாகவும் ஆட்கள் வந்து சொன்னார்கள்.

அடுத்த பொங்கலுக்கு மாதையன் வரவில்லை. தோட்டத்துக்குத் திரும்பும் ஆட்களிடம் கொடுத்துவிட, பிலோமினாள் திருப்பத்தூரில் நீலப்பூப் போட்ட துணி வாங்கி வந்தாள். கத்தரிக்கோலை எடுத்து உட்கார்ந்தபிறகுதான் கை நின்றது. ஒரு வருஷத்தில் எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று தெரியவில்லை. பழைய கவுன் ஒன்றை விரித்துப் பார்த்தாள். அது உதவாது.

மறுநாள் காது வலிக்கு மருந்து வாங்கப் பச்சையம்மா தன் மகளைக் கூட்டி வந்தாள். செல்லியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் அந்தப் பெண். சொட்டு மருந்து விட்டுத் துடைத்தபின், பிலோமினாள் அவளை எழுந்து நிற்கச் சொன்னாள். துணியைத் தோளில் வைத்து முழங்கால்வரை விட்டுப் பார்த்தாள். அந்தப் பெண் கூச்சத்தில் நெளிந்தாள்.

"யாருக்குங்க நர்சம்மா?" என்று கேட்டாள் பச்சையம்மா.

"கொஞ்சம் நேரா நில்லு" என்றாள் பிலோமினாள். முழங்காலுக்குக் கீழே இன்னும் நாலு விரல் தள்ளிக் குண்டூசி குத்தினாள். எதற்கும் இருக்கட்டும் என்று, அதை எடுத்து மேலும் ஒரு விரல் கீழே குத்தினாள்.