சாயம் பூசிய வாரம்

குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, ஜன்னல் வெளிச்சம் விழும் பக்கமாகத் திரும்பி நின்று, பழைய கிண்ணம் ஒன்றில் சாயத்தைக் கலக்கினேன். கலக்குவது எனக்குப் புதிதல்ல. வாழ்நாள் முழுக்கச் சுவருக்கும் கதவுக்கும் வர்ணம் கலக்கியவன். கட்டி விழாமல், தண்ணீராகவும் ஓடாமல், பிரஷை எடுத்தால் நுனியில் கொஞ்சம் தயங்கி நிற்க வேண்டும், அதுதான் பதம். தலைக்கும் மீசைக்கும் முடிவெட்டுகிற கடையில் ஏற்கெனவே போட்டாயிற்று. மிச்சம் இருந்தது சட்டைக்குள்ளே. நெஞ்சில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளை. அக்குளிலும் வெள்ளை. இடுப்புக்குக் கீழேயும் அப்படித்தான். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதை விட்டுவிட்டால் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை. இன்னும் இரண்டு நாளில் எனக்குக் கல்யாணம், இரண்டாவது முறையாக.

அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். அங்கே வர்ணம் அடிக்கப் போனபோதுதான் பழக்கம். ஆவியும் சோப்பு வாசனையும் அடைத்துக் கிடந்த அந்த நீளக் கூடத்தில், மலையாகக் குவிந்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் நின்று, ஏணிமேல் இருந்த என்னை அண்ணாந்து பார்த்து, "பெயிண்டரே, ஒரு சொட்டு கீழ விழுந்துச்சுன்னா நீங்கதான் துவைக்கணும்" என்றாள். ஒரு சொட்டு விழுந்தது. துவைத்தேன். அவளை அவள் புருஷன் எப்போதோ விட்டுவிட்டுப் போயிருந்தான். என் முதல் மனைவி இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. நான் பூசிய சுவர்களைத் தவிர என்னைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இந்த வயசுல எதுக்குடா' என்று அக்கா கேட்பாளோ எனப் பயந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். "இப்பவாவது புத்தி வந்துச்சே" என்று சொல்லி, அவளே போய்ப் பேசி முடித்தாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தவன் என்னோடு வேலை செய்கிறவன். எங்கே போனாலும் முதல் ஆளாக வந்து நிற்பதால் அவனுக்கு, வர்ணத்துக்கு முன்னால் அடிக்கிற முதல் பூச்சின் பெயரான 'பிரைமர்' என்பதையே பெயராக வைத்திருந்தோம். மதியம் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது என் நெஞ்சைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னண்ணே, வெளிப்பக்கம் மட்டும் பூசிட்டு உள்பக்கத்தை அப்படியே விட்டுட்டு வீட்டை ஒப்படைக்கப் போறீங்களா? வாங்குறவங்க கேக்க மாட்டாங்க?"

"வேலையப் பாருடா."

"நான் பாத்துட்டேன். அண்ணியும் பாப்பாங்கல்ல."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. அவள் என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். கறுப்பு மீசையைப் பார்த்துச் சம்மதித்திருப்பாள். உள்ளே ஒரு கிழவன் இருக்கிறான் என்று தெரிந்தால் அவள் முகம் எப்படி மாறும் என்று அன்று முழுக்க அந்தச் சுவரில் பார்த்துக்கொண்டே பூசினேன்.

நான் எழுத்துப் படித்தது ஐம்பது தாண்டி, பெயிண்டர்கள் சங்கத்து மாலை வகுப்பில். வர்ண டப்பாவின் பெயர்கள், பஸ் பலகை, கடைப் பெயர், இப்படிப் பெரிய எழுத்தாக இருந்தால் படித்துவிடுவேன். சாயப் பெட்டியிலும் பெரிய எழுத்தைப் படித்தேன், படங்களைப் பார்த்தேன். பெட்டியின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு கூட்டம் எழுத்து இருந்தது. அது கம்பெனிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது என்று விட்டுவிட்டேன். தொழில்தான் எனக்குத் தெரியுமே. எந்தப் பரப்பாக இருந்தாலும் முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும், அப்போதுதான் வர்ணம் பிடிக்கும். ஆகவே உடம்பு தேய்க்கிற பீர்க்கங்கூட்டை எடுத்து, நெஞ்சிலிருந்து தொடையிடுக்குவரை சிவக்கச் சிவக்கத் தேய்த்தேன். துடைத்தேன். ஒரு கோட் அடித்தேன். கொஞ்சம் சுரீரென்றது, பிடிக்கிறது போல என்று சந்தோஷப்பட்டேன். முதல் கோட் காய்ந்ததும் அதன்மேல் இரண்டாவது கோட். காற்றுப் பட்டுச் சீக்கிரம் வறண்டுவிடக் கூடாதென்று பிளாஸ்டிக் தாளை வேறு சுற்றிக்கொண்டு, பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். எந்த மேஸ்திரி வந்து பார்த்திருந்தாலும் வேலை சுத்தம் என்றுதான் சொல்லியிருப்பார்.

அன்று மாலையே தோல் தடித்தது. மறுநாள் கொப்புளம். கல்யாணத்தன்று பதிவு அலுவலகத்தின் படிகளை, இரண்டு கால்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத டிரம் ஒன்றை இடுக்கிக்கொண்டவன் போல அகட்டி அகட்டி ஏறினேன். "மாப்பிள்ளை நடையே தனியா இருக்கு" என்றான் பிரைமர். உள்ளே என் பெயரை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதல் கல்யாணத்துக்கு விரலில் மை தடவி உருட்டியவன் நான். இந்த ஒரு நிமிஷத்துக்காகவே எத்தனையோ மாலை உட்கார்ந்து எழுதிப் பழகியிருந்தேன். எரிச்சலில் அதைக்கூட முழுசாக அனுபவிக்க முடியவில்லை. கடைசி எழுத்தின் கால் கோட்டைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. அவள் பக்கத்தில் நின்று என் நெற்றி வியர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் முதுகுவலி என்றேன். கூடத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டேன். அடுத்த நாள் ஜலதோஷம், உனக்கு ஒட்டிக்கும் என்றேன். அதற்கும் அடுத்த நாள் என்ன சொன்னேனோ நினைவில்லை. அவள் சாப்பாடு எடுத்து வைத்தாள், என் வேலைச் சட்டையில் பழைய வர்ணக் கறைகளைக்கூடப் பாதி எடுத்துக் கொடிக்கயிற்றில் போட்டிருந்தாள். பேச்சு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. 'பெயிண்டரே' என்று அவள் கூப்பிடுவது எனக்கு அவ்வளவு பிடிக்கும். அது நின்றுபோய், 'இந்தாங்க', 'சரிங்க' என்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். சலவைக்கூடத்துக் கை, மடிப்பு கத்தி வைத்த மாதிரி விழும். என் சட்டைகளை ஒரு பக்கமாகவும், அவளுடையதைத் தனியாக ஒரு பையிலும் அடுக்கிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

"எங்க கிளம்புற?"

"எங்கேயும் இல்ல. ஒருவேளை போக வேண்டியிருந்தா தேட வேண்டாம் பாருங்க." தலையைத் தூக்காமலே சொன்னாள். "யார் சொன்னா உங்ககிட்ட?"

"என்ன சொன்னா?"

"என் மேல இருக்கிற தழும்பைப் பத்தி. சலவைக்கூடத்துல யாராவது சொல்லியிருப்பாங்க. நானே முன்னாடி சொல்லியிருக்கணும், தப்புதான். ஆவிக்குழாய் வெடிச்சப்ப நெஞ்சுலேர்ந்து வயிறு வரைக்கும் வெந்துபோச்சு. மொதல் ஆளு அதைப் பாத்துட்டுத்தான் கூடத்துல போய்ப் படுக்க ஆரம்பிச்சாரு. அவரும் முதுகுவலின்னுதான் சொன்னாரு."

மடித்த துணியின் மேல் உள்ளங்கையை வைத்து, இல்லாத சுருக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். நான் மறைத்த ஒரு அற்ப விஷயம், அவள் உடம்பில் ஏற்கெனவே வெந்த இடத்திலேயே போய் மறுபடி கொதிநீரை ஊற்றியிருக்கிறது. இப்போது வாயைத் திறந்தால் என் மானம் போகும். திறக்காவிட்டால் இவளே போய்விடுவாள்.

"எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல. சத்தியமா. இங்க பாரு" என்று சட்டைப் பொத்தானைக் கழற்றினேன்.

பார்த்தாள். நெஞ்சில் முடி கன்னங்கரேலென்று, அதன் அடியில் தோல் செக்கச் செவேலென்று, அங்கங்கே உரிந்து, நீர் கசிந்து.

"ஐயோ, என்ன இது?"

"சாயம்."

"இங்க எதுக்குச் சாயம்?"

"வெள்ளையா இருந்துச்சு."

அவள் என் முகத்தையும் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, என் நடை நினைவுக்கு வந்திருக்க வேண்டும், பார்வை மெதுவாகக் கீழே இறங்கியது. "அங்கேயுமா?"

தலையை ஆட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறி எழுந்தால், சிரிக்கிறாள். மடித்து வைத்த துணியெல்லாம் சரிய, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். "ரெண்டு கோட் அடிச்சீங்களா பெயிண்டரே?" என்று திணறலோடு கேட்டாள்.

"ஆமா" என்றேன். "தேய்ச்சுட்டு."

அதற்கு அப்புறம் அவளால் நிற்கவே முடியவில்லை.

சிரித்து முடித்ததும் ஆளே மாறிவிட்டாள். தேங்காயெண்ணெய் போடலாமா என்று நான் கேட்டதற்கு, "எண்ணெய், பேஸ்ட், மஞ்சள், ஒண்ணும் கூடாது, வெந்த தோலுக்கு வெறும் தண்ணிதான்" என்று பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து கொடுத்தாள். பெட்டி எங்கே என்று கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் படிக்கச் சொன்னாள். ஜன்னலோரம் நின்று, பெட்டியைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, அந்த எறும்புகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கோத்தேன். "த...லை... முடிக்கு மட்டும். உடலின் மென்...மையான பகுதிகளில் உப...யோகிக்கக் கூடாது. கீறல், புண் உள்ள தோலில் பூசக் கூடாது. முதலில் காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவி, இரண்டு நாள் பார்க்கவும்."

"இதுக்கு மேல கம்பெனிக்காரன் வீட்டுக்கு வந்தா சொல்லுவான்?" என்றாள். "புதுச் சுவருக்கு ஒரு ஓரத்துல அடிச்சுப் பாக்க மாட்டீங்களா நீங்க?"

"பாப்பேன்."

"சுவர் மேல இருக்கிற அக்கறை."

மறுநாள் காலையிலேயே மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் சின்னப் பெண், எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அவள் வயதுகூட இருக்காது. நான் கூரையில் ஈரம் கசிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இவளே எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை, அதற்காக இன்றைக்கும் அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். களிம்பும் மாத்திரையும் எழுதினார். "அந்த இடத்துத் தோல் ரொம்ப மெலிசு, தலைச் சாயம் அங்க ஆகவே ஆகாது. உறுத்தலா இருந்தா கத்தரியால கொஞ்சம் ஒட்ட வெட்டிக்கலாம், அவ்வளவுதான். ஒருதரம் இப்படி ஆயிடுச்சுன்னா அடுத்த தரம் இதைவிட மோசமா வரலாம். இனிமே தலைக்கும் மீசைக்கும்கூட வேண்டாம், ஐயா."

"ஐயா" என்று அவர் சொன்னபோது வலிக்கவில்லை. வெளியே வந்ததும் அவள், "அப்போ கிழவன்தானா எனக்கு?" என்றாள். "உள்பக்கமும் சேத்து" என்றேன். பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுவிட்டு, காற்றுப் படட்டும் என்றாள்.

தோல் உரிந்து புதுத்தோல் வர நாளாயிற்று. அதுவரை தளர்ந்த கைலியோடு வீட்டில் கிடந்தேன். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் யாரும் இப்படிக் கிடந்து கவனிப்பு வாங்கியதில்லை. வலித்தால் வேலைக்குப் போவோம், ரொம்ப வலித்தால் பேசாமல் போவோம். ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, எரியுதா, இப்போ எப்படி இருக்கு என்று கேட்பது எனக்குப் பழக்கமில்லாத சுகமாக இருந்தது. எரிச்சல் குறைந்த பிறகும் கொஞ்சம் எரிகிறது என்று ஒருநாள் சொன்னேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் விசிறினாள். அவளுடைய தழும்பையும் அந்த நாட்களில்தான் பார்த்தேன். கூடத்து விளக்கை அணைக்க எழுந்தவள், பாதியில் நின்று, அணைக்காமலே திரும்பி வந்தாள். அதைப் பற்றி எழுத எனக்கு எழுத்துப் போதாது. பாய் மட்டும் கூடத்திலிருந்து உள்ளே போயிற்று.

இப்போது என் மீசையின் அடியில் வெள்ளை ஏறிக்கொண்டு வருகிறது. பிரைமர் கேட்டான், "வீட்டுக்காரங்க ஒண்ணும் சொல்லலையா?" என்று. "வீட்டை வாங்கியாச்சு, இனிமே சொல்லி என்ன" என்றேன்.

போன வாரம் அவள் கண்ணாடி முன் நின்று வகிட்டை விரலால் பிரித்துப் பார்த்தாள். நரைத்திருந்தது. வழக்கமாக ஒரு கடையில் போட்டுக்கொள்வாளாம். "இந்தத் தடவை நீங்க போட்டு விடுங்க, பெயிண்டரே. தலைக்கு மட்டும்" என்றாள். வேறு பெட்டி வாங்கி வந்தேன். கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் அவளை உட்கார வைத்து, பின்பக்கத்து எழுத்து முழுவதையும் படித்துக் காட்டினேன். இடையில் அவள் கொட்டாவி விட்டாள். நான் நிறுத்தவில்லை. பிறகு குச்சி நுனியில் ஒரே ஒரு துளி எடுத்து அவள் காதுக்குப் பின்னால் வைத்தேன். சாயம் சில்லென்று பட்டதும் கழுத்தைச் சுருக்கிக்கொண்டாள்.

இரண்டு நாளும் அந்தப் புள்ளியோடு வேலைக்குப் போய் வந்தாள். என்னவென்று கேட்டவர்களிடம் மை என்றாளாம். இன்று மாலை வந்ததும் வராததுமாக, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், முடியை ஒதுக்கி, காதை விரலால் முன்பக்கம் மடித்துப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"நல்லா பாருங்க. சிவந்திருக்கா?"

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, அந்த வெளிச்சத்தில் எல்லாமே கொஞ்சம் சிவப்பாகத்தான் தெரிந்தது. இன்னும் கிட்டப் போய்க் குனிந்தேன்.