இறங்காத மெழுகு வட்டு

வட்டுத் தொழிற்சாலையின் சோதனைக்காரி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எறிந்த வட்டு தரையில் இறங்கவில்லை. அன்று காற்று இல்லை, வெயில்கூட இன்னும் ஏறியிருக்கவில்லை. வட்டு அவள் கையைவிட்டுப் போய், வழக்கம்போலக் கடைசியில் இடதுபக்கம் சாய்ந்து, சாய்ந்தபடியே ஊரின் மேல் பெரிதாக ஒரு சுற்றுப் போட்டு, பிற்பகல் நாலு மணிவாக்கில் சோதனைத் திடலின் தண்ணீர்த் தொட்டிக்கு மேலாக வந்து, அவள் தலையைக் கடந்து மறுபடியும் போனது. அதுவரை அவள் அளவுநாடாவைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. வெள்ளிக்கிழமை அவள் அளவுநாடாவைச் சுருட்டிப் பையில் போட்டாள்.

டிஸ்க் கோல்ஃப் ஆட்டத்தில், சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைக்குள் வட்டை எறிந்து விழவைக்க வேண்டும், அவ்வளவுதான். கிட்டத்துக்கு ஒரு வட்டு, நடுத்தூரத்துக்கு ஒரு வட்டு, வெகுதூரம் போக விளிம்பு கூர்மையான இன்னொரு வட்டு. இந்தக் கடைசி வகைக்கு டிரைவர் என்று பெயர். சோதனைக்காரியின் அக்கா வீட்டுக்காரர் பஸ் ஓட்டுபவர் என்பதால், ஒரே வீட்டில் எத்தனை டிரைவர் என்று தெருவில் கேலி பேசுவார்கள். தொழிற்சாலை ஒரே அச்சில் ஒரே எடையில் மூன்று பிளாஸ்டிக்கில் டிரைவர் வார்த்தது. மலிவானது மெழுகு மாதிரி கையில் ஒட்டும். ஈரக்கையிலும் வழுக்காது, ஆனால் சீக்கிரம் தேயும். விலை கூடியது கண்ணாடி மாதிரி ஊடே தெரியும்; கல்லில் அடித்தாலும் விளிம்பில் கீறல்தான் விழும். இரண்டுக்கும் நடுவே ரப்பர் மாதிரி ஒன்று. தொழிற்சாலையில் மெழுகு, ரப்பர், கண்ணாடி என்றே சொன்னார்கள்.

வலது கையால் எறியும் டிரைவர் முதலில் நேராகப் போகும், வேகம் குறையக் குறைய இடப்பக்கம் வளையும். புதிய வட்டின் குணம் அது. மரத்திலும் தரையிலும் அடிபட்டு விளிம்பு தேய்ந்தால் அந்த இடது வளைவை மறந்து நேராகப் போகும். இன்னும் தேய்ந்தால் வலப்பக்கம் திரும்பிவிடும். சிலருக்கு அப்படிப் பழகிய வட்டுதான் பிடிக்கும். மற்றவர்கள், வாங்கியபோது இருந்த குணம் எங்கே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். எந்தப் பிளாஸ்டிக் எவ்வளவு நாள் குணம் மாறாமல் இருக்கும் என்று சொல்வதுதான் சோதனைக்காரியின் வேலை. மூன்றையும் எறிவாள், திடலோரத்து மரங்களில் அடித்துத் தேய்ப்பாள், மறுபடி எறிவாள். இதில் ஒரு கண்டிப்பு உண்டு. வட்டு மாறலாம், எறிகிற கை மாறக்கூடாது. ஒரு கை தொடங்கிய சோதனையை அதே கைதான் முடிக்க வேண்டும். வட்டு இறங்கி, தூரம் அளந்து, விளிம்பைப் பார்த்தால்தான் அது முடிந்ததாகக் கணக்கு. அவளுக்கு முன்னால் இருந்தவன் பாதியில் விட்டுப்போனதால் ஒரு முழுக் கோடையின் வேலை குப்பைக்குப் போயிற்று. அவனைப் பற்றித் தொழிற்சாலையில் இன்னும் மரியாதையாகப் பேசுவதில்லை.

அவளை அக்கா சின்ன வயதிலிருந்து பம்பரம் என்றுதான் கூப்பிடுவாள். உட்கார மாட்டாள். சாப்பிடுவது நின்றுகொண்டு, படிப்பது நடந்துகொண்டு. காற்றே இல்லாத இந்த ஊரில் அவளுக்கு மூச்சு முட்டியது. கடலோரத்தில் ஒரு நகரத்தில், கம்பத்தில் கருவி கட்டிக் காற்றை அளக்கிற நிலையத்தில் அவளுக்கு வேலை சொல்லியிருந்தார்கள். பெட்டி கட்டியாகிவிட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமை எறிந்ததுதான் கடைசி வரிசை. கண்ணாடியும் ரப்பரும் இறங்கி அளந்தாகிவிட்டது. மெழுகு வட்டில், வட்டு வார்க்கிற அச்சுக்காரர் ஒரு புதிய கலவை போட்டிருந்தார். அது தேயாது என்பது அவர் பேச்சு. பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போவேன் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

அன்று மாலை அச்சுக்காரர் திடலுக்கு வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார்.

"என்னம்மா, கொஞ்சம் வேகமா வீசிட்டியா?"

"எப்பவும் போலத்தாண்ணே வீசினேன்."

"அப்ப கலவை நல்லா வந்திருக்குன்னு அர்த்தம்."

"கீழ வந்தாத்தாண்ணே எதுக்கும் அர்த்தம்."

மேலாளர் செய்யாதது இல்லை. கண்ணாடி வட்டை எறிந்து அதை மோதச் சொன்னார். கண்ணாடி வட்டு எப்போதும் விழுகிற இடத்தில் எப்போதும் போல விழுந்தது. மீன் வலையைக் கட்டிப் பார்த்தார்கள். வட்டு அதற்கு மேலாகப் போனது. தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்ததில் வட்டு கழுவின மாதிரி ஆயிற்று, வேறொன்றும் நடக்கவில்லை. கடைசியில் மேலாளர், இறங்கும்போது இறங்கட்டும், சோதனை நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குள் போனார். அவருக்கடுத்து வந்த மேலாளரும் அதையேதான் சொன்னார்.

முதல் மாதம் காக்கைகள் துரத்தின, பிறகு விட்டுவிட்டன. ஊரும் பழகிக்கொண்டது. வட்டின் நிழல் மொட்டைமாடிகளைக் கடக்கும்போது காயப்போட்ட துணியை எடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அதைப் பார்த்துக் கடைசி மணி அடித்தார்கள். வங்கியும் பஸ் நிலையமும் தங்கள் சுவர்க் கடிகாரத்தை நாள்தோறும் வட்டு வருகிற நேரத்தில் நாலு மணிக்குத் திருத்திவைத்தன. சாவி கொடுக்க மறக்கிற வீடுகளில்கூட இப்போது கடிகாரம் சரியாக ஓடியது. குழந்தைகள் பிறந்து, நடக்கப் பழகி, அண்ணாந்து பார்த்து, பார்ப்பதை நிறுத்தும் வயதுக்கு வந்தார்கள்.

சோதனைக்காரிக்கு மட்டும் பழகவில்லை. காலையில் பல்துலக்கியைப் பெட்டியிலிருந்து எடுப்பாள், துலக்கிவிட்டு மறுபடி பெட்டியில் வைப்பாள். சேலை ஒன்று வேண்டுமென்றால் அடியிலிருந்து உருவுவாள். மற்றவை கலைந்தால் எல்லாவற்றையும் எடுத்து மீண்டும் மடிப்பாள். பெட்டியின் பூட்டு இரண்டு தடவை தேய்ந்து மாற்றவேண்டி வந்தது. சமையலறைக்கும் வாசலுக்கும் அவள் நடந்த வழியில் சிமெண்டுத் தரை பளபளத்தது. காற்று நிலையத்திலிருந்து வருடத்துக்கு ஒருமுறை போன் வரும். வருகிறீர்களா இல்லையா என்று கேட்பார்கள். இன்னும் இறங்கலைங்க என்பாள். அவர்கள் மேகத்தோடும் காற்றோடும் வேலை பார்ப்பவர்கள் என்பதால் மேற்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை. சரி, இடத்தை வச்சிருக்கோம் என்று வைத்துவிடுவார்கள்.

"அது பாட்டுக்குச் சுத்தட்டும்னு விட்டுட்டுப் போயேன்டி" என்றாள் அக்கா ஒருநாள். "யாரு உன்னைப் பிடிச்சு வச்சிருக்கா?"

"முடிக்காமப் போறதா? முன்னாடி இருந்தவன் மாதிரியா?"

"அவன் போய் நல்லாத்தான் இருக்கானாம். ரெண்டு பிள்ளை."

"நான் அவன் இல்லக்கா."

"அது தெரியுது. அவன் உட்கார்ந்து சாப்பிடுவான். தட்டை வச்சுக்கிட்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடக்காத, கொட்டுது பார்."

ஒவ்வொரு நாளும் பிற்பகலில் அவள் திடலுக்குப் போவாள். முந்தின நாள் நின்று புல் நசுங்கிய இடத்தில் நிற்பாள். வட்டு வரும்போது அண்ணாந்து, அது உச்சந்தலைக்கு நேர்மேலே போகும்படி காலை ஒரு இணுக்கு நகர்த்திச் சரிபண்ணிக்கொள்வாள். அன்றைய குறிப்பு அங்கேயே முடிந்தது: அதே இடம், அதே சாய்வு, அதே நேரம். மாற்றம் இல்லை. அச்சுக்காரர் இதைக் கேட்டுக் கேட்டுப் பூரித்துப்போனார். தேயாத மெழுகு என்று புதிய கலவைக்கு அவரே பெயர் வைத்தார். பாதி தலை நரைத்த பிறகும் அவர் நிமிர்ந்தே நடந்தார்.

அந்த வருடங்களில் ஊரில் வேறொரு குறை எழுந்தது. முன்பைவிடச் சீக்கிரம் இருட்டிவிடுகிறது என்றார்கள். கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் வீடு வருவதற்குள் விளக்குப் போடவேண்டியிருந்தது. காலம் கெட்டுப்போச்சு என்று பேசி, அதோடு விட்டுவிட்டார்கள். பஸ் ஓட்டுகிற அக்கா வீட்டுக்காரருக்குத்தான், மாமாவுக்குத்தான் சங்கடம். அவர் நிலையக் கடிகாரப்படி நொடி பிசகாமல் பஸ்ஸை எடுப்பவர். ஆனால் அடுத்த ஊரில் பயணிகள் அவரைப் பிடித்துத் திட்டினார்கள். ஒருநாள் ஒருவர் அவருடைய சட்டையையே பிடித்துவிட்டார். மாமா பித்தான் அறுந்து வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் அக்கா வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு திடலுக்கு வந்தாள். தங்கை இத்தனை வருடம் வேலை பார்த்த இடத்துக்கு அவள் வருவது அது இரண்டாவது தடவை. முதல் தடவை வந்தது வட்டு எறிந்த வாரத்தில், சாப்பாடு கொடுக்க.

"உங்க மாமா சட்டையைப் பிடிச்சு இழுக்கிற அளவுக்கு ஆயிடுச்சு. ஒரு மணி நேரம் லேட்டுங்கிறாங்க. இவரு கடிகாரம் பார்த்துத்தானே எடுக்கிறாரு? படிச்சவ நீ, என்னன்னு சொல்லு."

"இருக்கா, வர்ற நேரம். அப்படியே நில்லு." அவள் அண்ணாந்திருந்தாள்.

வட்டு வந்து போனது. அக்கா அதைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி பம்பரம், நீ தொட்டிகிட்டல்ல நிப்ப?"

"இங்கதான் நிக்கிறேன். எப்பவும் இங்கதான்."

"நான் சோறு கொண்டாந்தப்ப தொட்டி நிழல்ல நின்னு தின்ன. இப்ப வேலியில முதுகு உரசுது உனக்கு. கீழ பாரு."

அவள் கீழே பார்த்தாள். தொட்டியடியிலிருந்து வேலிவரை திடலின் குறுக்கே, இரண்டு பாதம் அகலத்துக்குப் புல் செத்து, மண் கெட்டிப்பட்டு, ஒரு வழி கிடந்தது. மாடு போன தடம் மாதிரி இருந்தது. அதில் நடந்தவள் அவள் ஒருத்திதான். முந்தின நாள் நின்ற இடத்திலிருந்து ஒரு இணுக்கு, அதற்கு முந்தின நாளிலிருந்து ஒரு இணுக்கு. வட்டு தேய்ந்துகொண்டுதான் இருந்தது. இடது வளைவு குறைந்து சுற்று அகன்றுகொண்டே போயிருந்தது. அவளும் கூடவே நகர்ந்திருந்தாள். அகன்ற சுற்றுக்கு நேரம் கூடப் பிடித்தது. வட்டு பிந்தி வந்தபோதும் அதையே நாலு மணி என்று ஊரும் கடிகாரத்தைக் கூடவே பின்னால் தள்ளிவைத்திருந்தது. எறிகிற கை மாறக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவர்கள், நிற்கிற காலைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

அவள் பையைத் திறந்து அளவுநாடாவை எடுத்தாள். சுருள் துருப்பிடித்திருந்தது. ஒரு முனையைத் தொட்டியடியில் அக்கா பிடித்துக்கொண்டாள். அளந்து முடித்ததும், வட்டு இறங்கியிருந்தால்கூடத் தெரிந்திருக்காத ஒன்று தெரிந்தது: எத்தனை நாளைக்கு எவ்வளவு தேய்மானம் என்பது மண்ணிலேயே கிடந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. வட்டு இறங்காமலே சோதனை முடிந்திருந்தது.

அச்சுக்காரரை அழைத்துவந்து காட்டினாள். அவர் அந்தத் தடத்தில் தொட்டியிலிருந்து வேலிவரை ஒருமுறை மெதுவாக நடந்து பார்த்தார். திரும்பி வந்தபோது அவருக்குக் கொஞ்சம் கூன் விழுந்திருந்தது.

"அப்ப தேயுது."

"தேயுதுண்ணே. ஆனா ரொம்ப மெதுவா."

"வெறுங்காத்துல இவ்வளவு தேஞ்சா, மரத்துல அடிச்சா என்னாகும்?"

"அது வேற சோதனைண்ணே. அதுக்கு வேற கை பார்த்துக்கங்க."

அவர் அவளைப் பார்த்தார், வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். "இதைச் சொல்றதுக்கா இத்தனை வருஷம் நின்ன?" என்று கேட்டார். அப்புறம் அவரே, "நானும் தேயாதுன்னுதானே சொல்லிட்டு இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டு போனார். புதிய கலவைக்கு மெதுவாகத் தேயும் மெழுகு என்று பெயர் மாற்றினார்கள். விற்பனை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஊர்க் கடிகாரங்களை ஒரே நாளில் திருத்தினார்கள். அந்த வாரமே வட்டு நேராயிற்று. பிற்பகலில் வேலியைத் தாண்டி வந்தது, இடப்பக்கம் சாயவில்லை, நெடுஞ்சாலைக்கு மேலாக நேரே போனது. சோதனைக்காரி அதைப் பார்த்ததும் வீட்டுக்கு ஓடிப் பெட்டியைத் தூக்கினாள். மடிக்க ஒன்றும் இல்லை, எல்லாம் உள்ளேதான் இருந்தது. பல்துலக்கி உட்பட. அக்கா குடையை அவள் அக்குளில் திணித்தாள். "காத்துல பறந்துடும், கெட்டியாப் பிடிச்சுக்க" என்றாள். தெருமுனையில் மாமாவின் பஸ் நின்றது.

"டிக்கெட் எடுத்துட்டு ஏறு" என்றார் மாமா, கண்டக்டர் காதில் விழும்படி. "சொந்தக்காரங்கன்னு சும்மா வர்ற பழக்கம் வேணாம்."

"எதுவரைக்கும்?" என்று கேட்டார் கண்டக்டர்.

"அது போறவரைக்கும்" என்றாள் அவள்.

பஸ்ஸின் முன்கண்ணாடியில் வட்டு தெரிந்துகொண்டே இருந்தது. மாமா அதன் வேகத்துக்கு ஓட்டினார். பல வருடங்களில் முதல் தடவையாக எல்லா ஊருக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். வெயில் சாயும்போது வட்டு லேசாக வலப்பக்கம் திரும்பத் தொடங்கியது. சாலையும் அங்கே கடலைப் பார்த்து வலப்பக்கம்தான் வளைந்தது. அவள் கம்பியைப் பிடித்தபடி வழி முழுக்க நின்றே வந்தாள். பக்கத்தில் இரண்டு சீட்டுக் காலியாக இருந்தது.

இப்போது அந்தக் கடலோர நகரத்தின் வானிலை அறிக்கையில், காற்றின் வேகம், திசை, மழை வாய்ப்பு எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி சேர்ந்திருக்கிறது: வட்டு இன்று வந்தது, அல்லது வரவில்லை. மீனவர்கள் அதையும் கேட்டுக்கொண்டுதான் படகை இறக்குகிறார்கள். அந்த வரியை எழுதுபவள் அவள்தான். நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, நிதானமாக எழுதுகிறாள் என்று அந்தப் பக்கம் போய்வந்தவர்கள் அக்காவிடம் சொன்னார்கள். வட்டு பற்றிச் சொன்ன எல்லாவற்றையும் அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். உட்கார்ந்து எழுதுகிறாள் என்பதை மட்டும் அவள் நம்பவில்லை.