மூணாம் மெஷின் பெற்ற பிள்ளை

"எதுக்கு வெக்கணும்? அந்த ஆளு பேரை எம்பிள்ளைக்கு எதுக்கு வெக்கணும்?"

"கத்தாத. குழந்தை முழிச்சுக்குவான்."

"முழிக்கட்டும். அவங்கப்பா பண்ணிட்டு வந்திருக்கிற காரியத்தை அவனும் தெரிஞ்சுக்கட்டும்."

அவன் முழிக்கவில்லை. பிறந்து நாற்பது நாளாகியிருந்தது. கட்டிலில் இரண்டு தலையணைகளுக்கு நடுவே, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, இந்தச் சண்டைக்கும் தனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பதுபோலத் தூங்கிக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு மேசையில் பிறப்புப் பதிவு அலுவலகத்துப் படிவம் கிடந்தது. 'குழந்தையின் பெயர்' என்ற இடத்தில் கணவன் தன் முத்து முத்தான எழுத்தில் முதலாளியின் பெயரை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டான். பக்கத்தில் தாயின் கையெழுத்துக்கான கோடு மட்டும் காலியாக இருந்தது. இரண்டு கையெழுத்தும் இருந்தால்தான் வாங்குவார்கள். மாதக் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும்.

"சூப்பர்வைசர் எடம் காலியாகுதுன்னு மொதலாளி சொன்னாரு. 'நீ நம்ம ஆளுதானப்பா'ன்னாரு. எனக்கு ஒண்ணும் ஓடல. 'பையனுக்கு உங்க பேருதான் மொதலாளி'ன்னு வாயில வந்துருச்சு."

"வயித்துல சுமந்தது நானு. வாயில வந்தது உங்களுக்கா?"

"எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். இப்பப் போயி எப்படி இல்லைங்கிறது?"

"எப்படிச் சொன்னீங்களோ அப்படியே. அதே வாயிதானே இருக்கு?"

"சரி, நீ என்னதான் வெக்கணும்ங்கிற? உங்கப்பா பேரா?"

"எங்கப்பா பேரும் வேண்டாம், உங்கப்பா பேரும் வேண்டாம். ஒருத்தர் போட்டுக் கழட்டுனதை ஆல்டர் பண்ணி மாட்டிவிடற வேலையே வேண்டாம். எம்பிள்ளைக்குன்னு புதுசா துணி வெட்டித் தைச்ச மாதிரி ஒரு பேரு வெச்சிருக்கேன். மூணே எழுத்து. பெடலை மிதிச்சுக்கிட்டே ஏழு மாசம் யோசிச்ச பேரு. உங்ககிட்டச் சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"என்ன சொன்னீங்க?"

போனைப் பார்த்துக்கொண்டே "ம்" என்று சொன்னது அவனுக்கு ஞாபகம் இருந்தது.

பெற்றவளைக் கேட்காமல் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற துணிச்சல் ஆண்பிள்ளைகளுக்கு எங்கிருந்துதான் வருகிறதோ! அதுவும் யார் பெயரை?

பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற பட்டறை அது. அவன் அங்கே அயர்ன் மேசையில் வேலை பார்த்தான். ஜன்னலிலிருந்து மூன்றாவது தையல் மெஷின் அவளுடையது. அந்த மெஷினில் எட்டு வருஷமாகக் காலர் தைக்கிறாள். அந்த எட்டு வருஷத்தில் முதலாளி ஒரு நாளாவது அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய் மூணாம் மெஷின், காலர் என்னாச்சு?" "மூணாம் மெஷின், பேச்சைக் கொறை." பிரசவத்துக்கு லீவு கேட்டபோது முதலாளி சீட்டில் எழுதியதும் 'மூணாம் மெஷின் – லீவு' என்றுதான். மெஷின் பழுதாகிவிட்டதோ என்று மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுப் போனார். பட்டறையில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இப்போது நினைத்தால் ஏன் சிரித்தோம் என்றிருந்தது.

சண்டைக்கு மறுநாளே முதலாளி சொல்லியனுப்பினார். "குழந்தையைப் பாத்துக்க வீட்ல ஆள் இல்லன்னா பட்டறைக்குத் தூக்கிட்டு வரச் சொல்லு. எம்பேரு உள்ள பிள்ளை, என் பட்டறையிலயே வளரட்டும்." பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். மூணாம் மெஷின் சும்மா நிற்பது பொறுக்கவில்லை என்பதைக்கூடப் பெருந்தன்மையாகச் சொல்லத் தெரிந்த மனிதர்.

அவள் போனாள். சண்டை வீட்டோடு நிற்கிற சண்டையாக அவளுக்குத் தோன்றவில்லை. படிவத்தை நாலாக மடித்து, கத்தரிக்கோலும் டேப்பும் வைக்கிற தகர டப்பாவில் போட்டுக்கொண்டாள். துணிக்கட்டு வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் போர்வை விரித்துப் பிள்ளையைப் படுக்கவைத்து, மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

முதலாளி வந்து பெட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

"என்னடா பயலே!"

"டா போடாதீங்க மொதலாளி. உங்க பேரு வெச்சவரு, கோவிச்சுக்குவாரு" என்றாள் காஜா அக்கா. சட்டையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பதும், பாக்கெட்டில் பள்ளிக்கூடத்தின் பெயரை எம்ப்ராய்டரி போடுவதும் அவள் வேலை. பட்டறையிலேயே வயதில் மூத்தவள். பல்லில் ஊசி நூலைக் கடித்துக்கொண்டே பேசுவாள் என்பதால் அவள் கேலியா நிஜமா என்று கண்டுபிடிக்க முடியாது.

முதலாளி சிரித்தார். அயர்ன் மேசையைத் திரும்பிப் பார்த்தார். "படிவம் குடுத்தாச்சா?"

"இன்னும் இவ கையெழுத்துதான் மொதலாளி..."

"அதுக்கென்ன, போடச் சொல்லு. காஜா, இங்க வா. பிள்ளைத் துணி எல்லாத்துலயும் எம்பேரை எம்ப்ராய்டரி போட்டுரு. நீல நூல்ல, நல்லாப் பெருசா. இது யாரு வீட்டுப் பிள்ளைன்னு பாக்கிறவனுக்குத் தெரியணும்."

"எல்லாத்துலயுமா மொதலாளி?"

"எல்லாத்துலயும்னா எல்லாத்துலயும்தான். ஒவ்வொண்ணுக்கும் வந்து கேட்டுக்கிட்டு நிப்பியா?"

"கேக்க மாட்டேன் மொதலாளி."

அவர் போய்க் கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டார். யாரு வீட்டுப் பிள்ளையாம்! அவள் பெடலை ஓங்கி மிதித்தாள். ஒரு காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துப் பிரித்தாள்.

சாயங்காலம் காஜா அக்கா ஒரு மூட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். பிரித்தால், இரண்டு சட்டை, ஒரு தொப்பி, ஒரு துண்டு. எல்லாவற்றிலும் முதலாளியின் பெயர்.

"அக்கா, நீயுமா? நீயும் அவருக்குத்தானா?"

"அடியில பாருடி."

அடியில் பதினெட்டு மூத்திரத்துணி. சதுரமாக வெட்டி, ஓரம் மடித்து, ஒவ்வொன்றின் நட்டநடுவிலும் நீல நூலில் முதலாளியின் பெயர், கொட்டை எழுத்தில்.

"எல்லாத்துலயும்னாரு. எனக்கென்ன தெரியும்? சொன்னதைச் செய்யற பொழப்பு" என்றாள் காஜா அக்கா, நூலைக் கடித்தபடி.

நாற்பது நாளில் முதல்முறையாக அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அன்றிலிருந்து பட்டறையில் பேச்சே வேறாகிவிட்டது.

"ஏம்மா, மொதலாளி நனைஞ்சிருக்காரு பாரு."

"இப்பத்தானே அக்கா மாத்துனேன்?"

"மாத்துனா மட்டும்? அவரு மாறுற ஆளா?"

"நேத்து மொதலாளியச் சரியாப் புழியாமக் காயப்போட்டுட்ட. சொட்டிக்கிட்டே இருந்தாரு."

"சோப்புப் போட்டும் மொதலாளிகிட்ட வாடை போகலையே!"

அயர்ன் மேசையில் நின்றவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. "மெதுவாப் பேசுங்கம்மா, உள்ள இருக்காரு" என்று கெஞ்சினான். ஆனால் அவனும் ஒருமுறை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை அவள் பார்த்துவிட்டாள். அதற்காக அவள் மன்னித்துவிடவில்லை. குறித்துவைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

நாலாம் நாள் பள்ளிக்கூடத்து மேடம் சட்டைகளைப் பார்க்க வந்தார். முதலாளி தாமே முன்னால் நடந்து பட்டறை முழுக்கக் காட்டினார். கட்டிங் மேசை, மெஷின் வரிசை, அயர்ன் மேசை. "பின்னால எடம் எவ்வளவு இருக்கு பாருங்க மேடம், அடுத்த வருஷம் இன்னும் பத்து மெஷின் போடலாம்னு இருக்கேன்" என்று பின்கதவைத் திறந்துவிட்டார்.

பின்வாசலில் கொடிக்கயிறு. கயிறு நீளத்துக்கும் வெள்ளை வெள்ளையாகச் சதுரத் துணிகள். காற்றில் அத்தனையும் படபடத்தன.

மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "உங்க பேரு மாதிரி இருக்கே? இது எந்த ஸ்கூலுக்கு?"

முதலாளி வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து காஜா அக்காவின் குரல் வந்தது. பின்கதவு திறந்திருப்பது அவளுக்குத் தெரியாது என்றுதான் இன்றுவரை சொல்கிறாள். "அடியே, ஓடி வாடி! மொதலாளி கக்கா போயிட்டாரு!"

மேடம் கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார்.

முதலாளி உள்ளே வந்த வேகத்தில் நூல்கண்டு வைக்கிற ஸ்டாண்டு சாய்ந்தது. "யாரு பண்ணுன வேலை இது?"

"நீங்கதானே மொதலாளி எல்லாத்துலயும்னீங்க" என்றாள் காஜா அக்கா.

"ஏய் மூணாம் மெஷின்! உனக்கு அறிவு எங்க போச்சு? பேருன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? ஒரு மனுஷன் பேருக்குன்னு ஒரு மரியாதை இல்ல?"

அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். மற்றொரு கையில் அந்தத் துணி.

"இருக்கு மொதலாளி. ரொம்ப இருக்கு. அதனாலதான் கேக்கறேன். எம்பேரு என்ன?"

"என்னது?"

"எம்பேரு. எட்டு வருஷமா உங்ககிட்ட வேலை பாக்கறேன். எம்பேரு என்னன்னு கேட்டேன்."

ஒரு மெஷின் நின்றது. அப்புறம் வரிசையாக எல்லா மெஷினும் நின்றன.

அவள் துணியைக் கீழே போட்டுவிட்டு, தகர டப்பாவிலிருந்து படிவத்தை எடுத்தாள். "இதோ இருக்கு படிவம். நீங்க ஒரே ஒரு தடவை எம்பேரைச் சொல்லுங்க. இந்த இடத்துலயே, மேடம் முன்னாலயே கையெழுத்துப் போடறேன். ஆயுசுக்கும் எம்பிள்ளை உங்க பேரோட அலையட்டும். படிவத்துல எழுதியிருக்கு, அதைப் பாக்கக் கூடாது. பாக்காமச் சொல்லணும்."

"இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு?" முதலாளி சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. மேடம் கைக்குட்டையை இறக்கிவிட்டு அவர் முகத்தையே பார்த்தார். பதில் அவருக்கும் வேண்டியிருந்தது.

"எத்தனையோ பேரு வராங்க, போறாங்க... எல்லார் பேரும்..."

"நான் போகவே இல்லையே மொதலாளி. எட்டு வருஷமா மூணாவதுலயே உக்காந்திருக்கேன்."

முதலாளி சட்டென்று அயர்ன் மேசைப் பக்கம் திரும்பினார். "டேய்! உம் பொண்டாட்டி பேரு என்னடா?"

அவளும் திரும்பினாள். இதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. சூப்பர்வைசர் நாற்காலி அந்தக் கேள்விக்குப் பின்னாலேயே நின்றது. அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், முதலாளி அதைத் திருப்பிச் சொல்லிவிடுவார். அவள் கையெழுத்துப் போட்டாக வேண்டும். பிள்ளை கைவிட்டுப் போய்விடுவான்.

அவன் இஸ்திரிப்பெட்டியைச் சட்டையிலிருந்து எடுத்தான். மெதுவாக ஸ்டாண்டில் நிமிர்த்திவைத்தான். அது 'உஸ்' என்றது.

"எனக்குத் தெரியும் மொதலாளி" என்றான். "கேள்வி உங்களுக்கு."

முதலாளியின் முகம் சிவந்து, கறுத்து, மறுபடி சிவந்தது. "எம்பேரை வெச்சுக்க உங்களுக்கெல்லாம் என்ன தகுதி இருக்கு? கிழிங்கடா அதை! அத்தனை துணியையும் கொடியிலேருந்து கழட்டு!"

"கழட்டிடறேன் மொதலாளி" என்றாள் காஜா அக்கா. "காஞ்ச மொதலாளிய மட்டும் இப்பக் கழட்டறேன். ஈரம் சாயங்காலம்தான்."

நானூறு சட்டைக்குக் காலர் பாக்கியிருந்தது. மேடம் வேறு நின்றுகொண்டிருந்தார். மூணாம் மெஷினை வெளியே அனுப்ப முதலாளிக்கு வழியில்லை. கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சூப்பர்வைசர் வேலை அவர் மச்சானுக்குப் போனது. போகட்டும்.

மறுநாள் காலையில் பட்டறைக்குப் போவதற்கு முன்னால் மூன்று பேரும் பதிவு அலுவலகத்தில் வரிசையில் நின்றார்கள். பிள்ளையை அவனே தூக்கிக்கொண்டு வந்தான். கவுன்ட்டர் வந்ததும் அவளிடம் கொடுத்துவிட்டு ஓர் அடி பின்னால் நின்றான். ஒன்றுமே எழுதாத புதுப் படிவம். கவுன்ட்டர்காரர் பேனாவை உதறினார்.

"அம்மா பேரு?"

அவள் சொன்னாள். வரிசையில் கடைசியில் நின்றவர்வரை திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்குக் காது நல்லாக் கேக்கும்மா."

"தெரியும் சார். கேக்காதவங்களும் இருக்காங்க, அதான்."

"அப்பா பேரு?" அவன் சொன்னான். "குழந்தை பேரு?" அவன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். "அவங்கம்மா சொல்லுவாங்க சார்."

அவள் சொன்னாள். கவுன்ட்டர்காரர் எழுதிக்கொண்டே, "புதுசா இருக்கே. யாரு பேரு இது? தாத்தா பேரா?" என்றார்.

"இல்ல சார். இவன் பேரு."

"அது சரிம்மா. யாரு ஞாபகமா வெச்சதுன்னு கேட்டேன்."

"யாரு ஞாபகமாவும் இல்ல சார். இவன் இங்கதானே இருக்கான்?"

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் படிவத்தைத் தள்ளினார். "ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

கணவன் பேனாவை எடுத்தான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, காலரில் தையல் பார்ப்பதுபோல ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"சார், ஒரு கால் இல்லையே?"

கவுன்ட்டர்காரர் பதறிப்போய் எழுந்து, கவுன்ட்டருக்கு மேலே எட்டிப் பிள்ளையைப் பார்த்தார். போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு இரண்டு கால்களும் ஆடிக்கொண்டிருந்தன.

"ரெண்டும் இருக்கேம்மா?"

"பிள்ளைக்கு இருக்கு சார். பேருலதான் இல்ல. மொதல் எழுத்துக்குக் கால் போடாம விட்டுட்டீங்க."

"அட, அதுக்கென்ன, இடுக்குல ஒரு கோடு இழுத்து விட்டாப் போச்சு..."

"வேண்டாம் சார்" என்றாள். "வேற படிவம் எடுங்க. ஆல்டரேஷன் வேண்டாம். மொதல்லேருந்து எழுதுங்க, நான் சொல்றேன்."