ஜீரோ வாங்கிய தம்பி

"அண்ணாச்சி, நீங்க விடுங்க. லிஃப்ட்ல இறங்கி வாங்க" என்று பொன்ராஜ் ஸ்ட்ரெச்சரின் கம்பியிலிருந்து கருணாகரனின் விரல்களை எடுத்துவிட்டான். கருணாகரனின் தி.நகர் ஜவுளிக்கடையில் பல வருஷமாக வேலை பார்க்கிறவன். முதலாளியின் கையைத் தொட்டது இதுதான் முதல் தடவை. லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. மூன்றாவது மாடியிலிருந்து தம்பி ஆனந்தகுமாரைப் படி வழியாகத்தான் இறக்கியாக வேண்டும்.

துக்கத்துக்கு வந்தவர்கள் செத்த தம்பியைப் பார்த்துவிட்டு உடனே அண்ணனைப் பார்த்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டு வருஷமாக இந்த வீடு ஒரு சாவுக்குத் தயாராகத்தான் இருந்தது. ஆள்தான் மாறிப்போனது.

அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் ஸ்கேன் எடுத்தவர்கள். இதய ரத்தக்குழாயில் எவ்வளவு கால்சியம் படிந்திருக்கிறது என்று பார்க்கிற ஸ்கேன். அண்ணனுக்கு எழுநூறைத் தாண்டியது. தம்பிக்கு ஜீரோ. அன்றிலிருந்து கருணாகரன் துணிமூட்டை தூக்கக்கூடாது, கோபப்படக்கூடாது, கல்யாணப் பந்தியில் இரண்டாவது வடை கூடாது. தம்பியோ முதல் மார்க் வாங்கின பையன் மாதிரி "எனக்கு ஜீரோ" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு, சிகரெட்டையும் விடாமல் திரிந்தான்.

குடும்ப டாக்டர் ஹபீபுர் ரஹ்மான் மாலையோடு வந்தார். கருணாகரன் அவரை பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"ரெண்டு பேர் ரிப்போர்ட்டும் மாறியிருக்குமோ டாக்டர்? எழுநூறு அவனுது, ஜீரோ என்னுது."

"மாறல சார். படத்தை நானே பாத்தேன்."

"அப்போ ஜீரோக்காரன் எப்படிச் செத்தான்?"

"அந்த ஸ்கேன்ல இறுகிப்போன கால்சியம்தான் தெரியும். இறுகாத கொழுப்பு தெரியாது. ஜீரோன்னா ஆபத்து கம்மி, அவ்வளவுதான். அதுவும் சிகரெட் பிடிக்கறவர் அதை நம்பி இருக்கக்கூடாது." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "நெஞ்சுவலி வந்துட்டா பழைய நம்பரைப் பாக்கவே கூடாது சார். நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடணும். நேத்து எதாவது சொன்னாரா?"

சொன்னான். கல்லாவில் உட்கார்ந்து நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே, இடது தோள் இழுக்கிறது என்றான். "ஒனக்குத்தான் ஜீரோவாச்சேல, கேஸா இருக்கும்" என்று இவரே பன்னீர் சோடா வாங்கிவரச் சொல்லிக் குடிக்கவைத்தார். பெரிய ஏப்பம் வந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். விடிவதற்குள் போய்விட்டான்.

கருணாகரன் பேச்சை மாற்றினார். "அப்ப எனக்கு?" என்று கேட்டார், ஏன் கேட்கிறோம் என்று தெரியாமலே.

"எழுநூறுன்னதும் பயந்து மாத்திரை போட்டீங்க, நடந்தீங்க. நல்லாத்தான் இருக்கீங்க. எதையும் நிறுத்திடாதீங்க."

நல்லாயிருக்கிறீர்கள் என்பது அன்றைக்கு வசவு மாதிரி காதில் விழுந்தது.

உள்ளே ஸ்ட்ரெச்சரைத் தூக்கிவிட்டார்கள். கருணாகரன் விறுவிறுவென்று போய்க் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்தார். படி இறங்கும்போது பாரமெல்லாம் அந்தப் பக்கம்தான் சாயும். ஆளாளுக்கு வேண்டாம் என்றார்கள். அவர் மனைவி சீதா, "ஒரு வீட்டுக்கு ஒரு சாவு போதுங்க!" என்று கத்தினாள்.

தம்பி மனைவி ஷண்முகப்ரியா தலை நிமிரவில்லை. "பெரியத்தான் தூக்கட்டும்" என்றாள்.

அவள் உரிமை கொடுக்கிறாளா, தண்டனை கொடுக்கிறாளா? சோடா விஷயம் அவளுக்குத் தெரியுமா? ஒன்றும் விளங்காமல் கருணாகரன் முதல் படியில் கால் வைத்தார்.

தம்பி நல்ல கனம். ஒவ்வொரு திருப்பத்திலும் இப்போது வலிக்கும், இப்போது வலிக்கும் என்று காத்துக்கொண்டே இறங்கினார். வலித்தால் தேவலை என்றுகூட இருந்தது. பின்னால் பொன்ராஜ், "மெதுவா அண்ணாச்சி, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

கீழே வண்டியில் ஏற்றியதும் எல்லோரும் கருணாகரனின் முகத்தைத்தான் பார்த்தார்கள். யாரோ அவசரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அவருக்குப் பின்னால் போட்டார்கள். பொன்ராஜ் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். கருணாகரன் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திவிட்டு, நின்றுகொண்டிருந்தார்.