டோபியாஸ் வோன்ட்ரா சொல்லி முடிக்கட்டும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு மாட்டுக் கொட்டகையில். கன்று வயிற்றுக்குள் குறுக்காகக் கிடந்தது. என் வலது கை தோள்வரை பசுவுக்குள் இருந்தது. அந்த நிலையில் எதிரே நிற்பவர் எதைச் சொன்னாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும். லோர்னா வோன்ட்ரா வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தன் மகனைப் பற்றிச் சொன்னாள்.

"டாக், நீங்க உங்க பாஷையில கதை எழுதுவீங்களாமே. எங்க டோபியைப் பத்தி ஒண்ணு எழுதுங்களேன்."

"உங்க அமெரிக்க ஃபுட்பால் எனக்கு அவ்வளவா பிடிபடாது லோர்னா."

"அதனாலதான் சொல்றேன். பிடிபட்டவங்க ஸ்கோரை மட்டும்தான் எழுதுவாங்க."

கன்று பிழைத்தது. கதை பிழைக்குமா என்று இன்னும் தெரியவில்லை. நெப்ராஸ்காவின் ஸ்லாவின் என்ற இந்த ஊரில் இருபது வருஷத்துக்கு மேலாக மாட்டு வைத்தியம் பார்க்கிறேன். இதில் வருவதில் கொஞ்சம் நான் கண்டது, நிறைய லோர்னா சொன்னது. இரண்டுக்கும் நடுவில் ஓட்டை விழுந்த இடங்களில் நானே மண்ணள்ளிப் போட்டிருக்கிறேன்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

'அரங்கமே எழுந்து நின்றது. கூட்டத்தின் கூச்சல் வானைப்...' பிளக்கவில்லை. அவன் படித்த ஹால்வர்ஸன் கல்லூரி அரங்கத்தில் பாதி இருக்கைகள் எப்போதும் காலிதான்.

'பிறக்கும்போதே டோபியாஸின் கைகள் பெரிதாக...' எல்லாத் தாய்மார்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். அடித்துவிட்டேன்.

மூன்றாவது இது. இதை வைத்துக்கொள்கிறேன்:

மூன்றாம் வகுப்புக்குப் புது டீச்சர் வந்தாள். ஒவ்வொருவராக எழுந்து பெயர் சொல்லவேண்டும். டோபியாஸ் எழுந்தான். வாயைத் திறந்தான். 'ட' என்ற எழுத்தில் நாக்கு போய் ஒட்டிக்கொண்டது. ட, ட, ட. பின்வரிசையில் ஒருவன் "டிராக்டர்" என்றான். இன்னொருத்தி "டர்க்கி" என்றாள். வகுப்பே ஆளுக்கொரு சொல்லாக அவனுக்கு முடித்துக் கொடுத்தது. அவனுக்கு வியர்த்தது. உயிரெழுத்தில் தொடங்கும் சொல் என்றால் அவன் நாக்கு ஒட்டாது. எனவே கைக்கு அகப்பட்டதை எடுத்துவிட்டான்.

"ஆன்டன்."

அது அவன் அப்பாவின் பெயர். தானிய லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். டீச்சர் அதையே எழுதிக்கொண்டாள். பையனும் அந்தப் பருவம் முழுக்க ஆன்டனாகவே இருந்தான். மதிப்பெண் அட்டை வீட்டுக்கு வந்தபோது லோர்னா சாப்பாட்டு மேஜையில் அதைப் படித்துக் காட்டினாள்.

"என்னங்க, கணக்குல நீங்க ஏ கிரேடு வாங்கியிருக்கீங்க. கைவேலையிலதான் கொஞ்சம் மோசம்."

ஆன்டன் சிரித்தார். பையனும் சிரித்தான். அன்று இரவு தட்டுக் கழுவும்போது லோர்னா மட்டும் சிரிக்கவில்லை.

(இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் எனக்குச் சொல்லவில்லை. ஓட்டையில் விழுந்த மண்.)

3

ஸ்லாவின் பள்ளியில் பையன்கள் குறைவு. பதினொரு பேர் தேறாததால் எட்டுப் பேர் வைத்து ஆடும் ஆட்டம்தான். நிற்கத் தெம்பிருந்தால் எவனுக்கும் அணியில் இடம் உண்டு. டோபியாஸ் கொட்டகைக் கதவு அகலத்துக்கு வளர்ந்திருந்தான். அவனை நடுவில் போட்டார்கள்.

நடுவில் நிற்பவன் குனிந்து பந்தைத் தரையில் பிடித்துக்கொண்டிருப்பான். கால்களுக்கிடையே அதைப் பின்னால் கொடுத்துவிட்டு, எதிரே பாய்ந்து வருபவனை மார்பால் தாங்கவேண்டும். பேப்பரில் பெயர் வராத வேலை. டோபியாஸுக்கு அது ஏன் பிடித்தது என்று நான் ஒருமுறை கேட்டேன். நெடுநேரம் எடுத்துச் சொன்னான். நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"நான் பந்தை எடுக்கற வரைக்கும் யாரும் அசையக்கூடாது டாக். எல்லாரும் எனக்காக நிக்கணும். வே... வேற எங்க அப்படி நிக்கறாங்க?"

முதல் பிரதியில் இதை ஒரே மூச்சில் சரளமாகப் பேசவைத்திருந்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது அவனில்லை. இரண்டாம் பிரதியில் ஒவ்வொரு தடுக்கலையும் எழுத்தெண்ணிப் போட்டேன். கேலிச்சித்திரம் மாதிரி ஆகிவிட்டது. இப்போது அங்கங்கே மட்டும் புள்ளி வைக்கிறேன். மீதியை நீங்கள் மெதுவாகப் படித்து ஈடுகட்டுங்கள்.

4

ஹால்வர்ஸன் அவனைத் தேடி வரவில்லை. உதவித்தொகை இல்லாமல், தானாகப் போய் வாசலில் நின்று சேர்ந்தான். முதல் வருஷம் பயிற்சியில் மற்றவர்கள் மோதிப் பழகும் சுவராக இருந்தான். இரண்டாம் வருஷம் நடு ஆட்டக்காரனுக்கு முட்டி போயிற்று. டோபியாஸை இறக்கினார்கள்.

கல்லூரி ஆட்டத்தில் ஒரு சங்கடம் இருந்தது. நடுவில் நிற்பவன் எதிரணி நிற்கும் வாகைப் பார்த்து, இருபுறமும் உள்ள தன் ஆட்களுக்கு ஒரே ஒரு சொல்லைக் கத்தவேண்டும். இடப்புறமிருந்து பாய்வார்கள் என்றால் ஒரு சொல், வலப்புறம் என்றால் வேறு சொல். வலப்புறத்துக்கு ஹால்வர்ஸனில் வைத்திருந்த சொல் 'டெக்சஸ்'.

அக்டோபர் மழையில் ஓர் ஆட்டம். எதிரணியின் பெரிய ஆள் வலப்பக்கம் நழுவி வருவதை டோபியாஸ் எல்லோருக்கும் முன்பே பார்த்தான். சொல்ல வாயெடுத்தான். நாக்கு ஒட்டியது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது, பந்தைக் கொடுத்தாகவேண்டும். கொடுத்தான். பின்னால் ஒரு சத்தம் கேட்டது. பந்தெறியும் ப்ரெனன் லூட்ஸ் சேற்றில் புரண்டு தோளைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

ப்ரெனன் அந்த வருஷம் திரும்ப ஆடவில்லை.

அவன் திட்டியிருந்தால் டோபியாஸுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மருத்துவமனையில், "நீ என்னடா பண்ணுவ, விடு" என்று மட்டும் சொன்னான். டோபியாஸ் நவம்பர் கடைசியில் தாங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவன், பையைத் திரும்பக் கட்டவில்லை.

"காலேஜ்?" என்றாள் லோர்னா.

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"சரி. அப்ப காலைல எந்திரிச்சு பால் கற."

5

இப்போது டெஸ்மண்ட் ஓகல்ஸ்பி வரவேண்டும். எனக்கு இவன்மேல் சந்தேகம். கதாநாயகன் விழுந்து கிடக்கும்போது சரியாகக் காரோட்டிக்கொண்டு வரும் நண்பனை, எழுத்தாளன் வசதிக்காகப் படைத்த பிறவி என்றுதான் வாசகர் நினைப்பார். லோர்னாவிடமே சொன்னேன்.

"வேற யாராவது வந்ததா மாத்திடட்டுமா?"

"என் அடுக்களையில உக்காந்து ஒரு தட்டு கோலாச்சி பன்னைக் காலி பண்ணினவன் டாக் அவன். இல்லைன்னு எழுதுவீங்களா?"

எனவே வருகிறான். லூசியானாக்காரன். ஆட்டத்தில் டோபியாஸுக்கு வலப்பக்கத்து ஆள், விடுதியில் அறைத்தோழன். பனியைப் பார்த்தாலே பல் கிட்டும். ஆன்டனின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தான். டோபியாஸ் மாடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கறவைக்கு அழைத்துக்கொண்டிருந்தான்.

"மேபல், நகரு. ஓபல், உன் முறை இன்னும் வரல, தள்ளாத. ஏக்னஸ், உனக்குத் தனியா வெத்தலைபாக்கு வச்சு அழைக்கணுமா?"*

டெஸ்மண்ட் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"டேய். மாட்டுகிட்ட மட்டும் வக்கீல் மாதிரி பேசுற. எங்ககிட்ட ஏன்டா இப்படி பேசல?"

"நீ மா... மாடு இல்லையே."

"இருந்துட்டுப் போறேன். பால்தான் கிடைக்காது."

டோபியாஸ் கறவைக் குழாயை மாட்டினான். பிறகு ஏக்னஸின் முதுகைத் தட்டிக்கொண்டே, மாட்டிடம் சொல்வதுபோலச் சொன்னான்.

"இடப்பக்கம் மேபல். வலப்பக்கம் ஓபல். ரெண்டு பக்கமும் சேர்ந்து வந்தா ஏக்னஸ்."

டெஸ்மண்டுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் அவன் சிரித்த சிரிப்பில் ஓபல் வாளியை உதைத்தது.

* அவன் வெற்றிலை பாக்கு என்று சொல்லியிருக்க முடியாது. சொன்னதை அப்படியே தமிழில் போட்டேன், கேலி மாட்டுக்குக்கூட உறைக்காது போல இருந்தது. மாற்றினேன்.

6

டோபியாஸ் கல்லூரிக்குத் திரும்பினான். ஆனால் ஆட்டக்காரர்களைத் தடுப்புக்குப் பழக்கும் கோச் ப்ரான்டிஸ் லேசில் மசியவில்லை.

"நாலு வருஷமா இருக்கற சொல்லை இவனுக்காக மாத்தணுமா? எதிர் டீம் சிரிப்பான்."

"சிரிக்கட்டும் கோச்" என்றான் டெஸ்மண்ட். "சிரிக்கிறவன் ஒழுங்கா பாய மாட்டான்."

"நீ என்னப்பா சொல்ற?" கோச் டோபியாஸைப் பார்த்தார்.

டோபியாஸ் பதில் சொல்லத் தொடங்கினான். டெஸ்மண்ட் உதவ வாயெடுத்தான். டோபியாஸ் கையை உயர்த்தி அவனை நிறுத்தினான். வாழ்க்கையில் முதல் முறையாக அப்படிச் செய்தான் என்று டெஸ்மண்ட் பின்னால் லோர்னாவிடம் சொன்னான்.

"எனக்கு மு... முன்னாடியே தெரியுது கோச். யார் எங்கிருந்து வரான்னு. சொல்லத்தான் சொல்லு வேணும்."

கோச் தொப்பியைக் கழற்றினார், போட்டார். "ஒரு வாரம் பாக்கலாம்."

அந்த ஒரு வாரம் இரண்டு வருஷமாக நீண்டது. அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தில் அவன் "ஓபல்!" என்று கத்தியபோது எதிரே நின்றவன் நிமிர்ந்து "என்னது?" என்றான். அதற்குள் பந்து போய்விட்டது. தோள் குணமாகித் திரும்பிய ப்ரெனன், அந்த முழு ஆட்டத்திலும் ஒருமுறைகூடத் தரையில் விழவில்லை. முடிந்ததும் தன் சட்டையைத் தூக்கி டோபியாஸிடம் காட்டினான். துளிச் சேறில்லை.

மாணவர்கள் இருக்கைகளிலிருந்து மாடுபோலக் கத்தத் தொடங்கினார்கள். நான்காம் வருஷத்தில் அவர்களுடைய பிரிவிலேயே சிறந்த நடு ஆட்டக்காரன் என்று அவனுக்குப் பெயர் கிடைத்தது.

7

எப்படி முடிப்பது? என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

பெரிய தொழில்முறை அணி ஒன்று அவனைக் கோடிக்கணக்கில்... இல்லை. இந்த மாதிரிக் கல்லூரிகளை அவர்கள் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. கனடாவில் ஓர் அணி கோடையில் வந்து ஆடிக்காட்டச் சொல்லியிருக்கிறது. போகிறான். அவ்வளவுதான் தெரியும்.

ஒருநாள் காலையில் திக்கல் மறைந்து... இதை எழுதினால் லோர்னா வைக்கோல் வாருகோலுடன் என் வீட்டுக்கு வருவாள். "என் புள்ளைக்கு அது சரியாகணும்னா எழுதச் சொன்னேன்?"

பண்ணைக்கே திரும்பி மாடுகளோடு... திரும்பலாம். அது தோல்வி என்று முடிவு கட்டுவதற்கு நான் யார்? என் பிழைப்பே மாடுகளோடுதானே.

மூன்றையும் தள்ளிவைத்துவிட்டு, நானே போய்ப் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

8

கல்லூரியில் அவனுடைய கடைசி ஆட்டம், வெளியூரில். நவம்பர் குளிர். அந்த வாரம் அணி ஓட்டுப்போட்டு டோபியாஸைக் கேப்டனாக்கியிருந்தது. விருந்தாளியாக வந்த அணியின் கேப்டன்தான் டாஸில் சொல்லவேண்டும். நடுவர் சட்டையில் ஒலிவாங்கி இருக்கும். சொல்வது அரங்கம் முழுக்கக் கேட்கும்.

உடைமாற்றும் அறையில் டெஸ்மண்ட் அவனிடம் சொன்னானாம்: "ஹெட்ஸ்னு சொல்லிட்டு வந்துடு. வெறும் காத்துதான்டா, நாக்கே வேண்டாம்." டோபியாஸ் தோளைக் குலுக்கினானாம்.

நானும் லோர்னாவும் மேல்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். டோபியாஸும் துணைக்கு டெஸ்மண்டும் மைதான நடுவுக்கு நடந்தார்கள். நடுவர் நாணயத்தை இரண்டு பக்கமும் காட்டினார்.

"சொல்லுப்பா, கேப்டன்."

டோபியாஸ் மூச்சை இழுத்துக்கொண்டான். ஒலிபெருக்கியில் வந்தது 'ஹ' அல்ல. 'ட'.

மறுபடி 'ட'.

கீழே இரண்டு வரிசை தள்ளி யாரோ சிரித்தார்கள், பக்கத்தில் இருந்தவர் அதட்டினார். லோர்னா என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உதடுகள் அந்தச் சொல்லின் வடிவுக்கே வந்துவிட்டன. அழுத்தி மூடிக்கொண்டாள். மைதானத்தில் டெஸ்மண்டின் வாய் பாதி திறந்தது. அவன் குனிந்து தன் காலணியைப் பார்க்கத் தொடங்கினான். எதிரணிக் கேப்டன் தலைக்கவசத்தைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டான்.

என்ன சொன்னான், நாணயம் எந்தப் பக்கம் விழுந்தது, யார் ஜெயித்தார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. என் பேனா துடிக்கிறது. சொல் உங்கள் நாக்கின் நுனிக்கே வந்திருக்கும். சின்ன வயதிலிருந்து எத்தனையோ பேர் அவனுக்காக முடித்துக் கொடுத்துவிட்டார்கள். நாமாவது சும்மா இருப்போம்.

டோபியாஸ் தலையை நிமிர்த்தியிருக்கிறான். அவசரப்படவில்லை. நாணயம் இன்னும் நடுவரின் கட்டைவிரல் மேலேயே இருக்கிறது.