இறக்கை ஒட்டும் வரை

…பிளாஸ்ரிக் சட்டத்திலிருந்து பாகத்தை ஒட்ட வெட்டக்கூடாது, கொஞ்சம் தள்ளித்தான் வெட்ட வேண்டும், மிச்சமாக நிற்கிற முனையைப் பிறகு ஆறுதலாகச் சீவிக்கொள்ளலாம், முதலிலேயே ஒட்ட வெட்டினால் அந்த இடம் வெளுத்துப் பிய்ந்துவிடும், இதை அந்தக் கொழும்புக் கடைக்காரர் எனக்குச் சொல்லித்தந்திருக்கவே தேவையில்லை, தையல் நூலை முடிச்சுக்கு மேலே கொஞ்சம் விட்டுத்தான் வெட்ட வேண்டும் என்பது சத்திரசிகிச்சை அறையில் தாதியாக நின்ற எனக்குத் தெரியாதா, ஆனாலும் மனிதர் விடவில்லை, மகனுக்கா என்று கேட்டார், எனக்கு என்றேன், ஒருதரம் என் முகத்தைப் பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார், பெட்டியின் மேல் தண்ணீரில் இறங்குகிற விமானம் ஒன்றின் படம், பழைய உலக யுத்த காலத்துப் பறக்கும் படகு, உள்ளே அதை ஒட்டிச் செய்கிறதுக்கான பிளாஸ்ரிக் பாகங்கள், புதிதாகச் செய்கிறவர்களுக்கு இந்த இந்தச் சாமான் கட்டாயம் வேண்டும் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடி மேசையில் பரப்பினார், கூர்வாய் வெட்டுக்குறடு, கத்தி, சாவணம், சின்ன அரம், அரத்தாள், வெட்டுப்பலகை, பிளாஸ்ரிக்கை உருக்கி ஒட்டுகிற தண்ணீர்ப் பசை, மறைப்பு ரேப், தூரிகை… நான் வெட்டுக்குறட்டையும் பசையையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் வீட்டில் இருக்கிறது என்றேன். பொய்யில்லை. நகத்துக்குப் போடுகிற அரம் இருக்கிறது, குசினியில் மீன் படாத வெட்டுப்பலகை இருக்கிறது, உடுப்புக் காயப்போடுகிற கிளிப் ஒரு வாளி நிறைய இருக்கிறது, மருந்துக் கடையில் பதினொன்றாம் நம்பர் சத்திரக் கத்தி அலகு வாங்கலாம், அதைவிடக் கூரான கத்தியை அவர் எந்த நாட்டிலிருந்து இறக்கப் போகிறார். அவர் பரப்பிய சாமான்களில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான், இதையெல்லாம் பிடிக்கிற கை. அதை எந்தக் கடையில் விற்கிறார்கள்?

அந்தக் கடைக்குப் போனதே கையினால்தான். நரம்பு டொக்டரிடம் காட்டிவிட்டு வெளியே வந்தால் என் கணவர் முனீப் முச்சக்கரவண்டி பிடிக்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார், நான் நிழலுக்காக ஒரு கடை வாசலில் ஒதுங்கினேன், கண்ணாடிக்குள் இந்தப் பெட்டி. அப்போது என் காதுக்குள் டொக்டர் சொன்னதுதான் ஓடிக்கொண்டிருந்தது, பயப்பட ஒன்றுமில்லை, உயிருக்கு ஆபத்தான வியாதி இல்லை, சிலருக்கு இப்படி வரும், கை சும்மா இருக்கும்போது நடுங்காது, ஒன்றைச் செய்யப் போனால்தான் நடுங்கும். முனீப் பெருமூச்சு விட்டு அல்ஹம்துலில்லாஹ் என்றார். எனக்கு அது எப்படிக் கேட்டது தெரியுமா, நீ சும்மா இருந்தால் உனக்கு ஒன்றுமே இல்லை என்று கேட்டது. சும்மா இருந்தால்! மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நான் பூரண சுகமான பெண், ஒரு கரண்டியைத் தூக்கினால் நோயாளி, இது என்ன கணக்கு… அந்தக் கோபத்தில்தான் கடைக்குள் போனேன், இருப்பதிலேயே சின்னச் சின்னப் பாகமாக இருக்கிற பெட்டியைத் தாருங்கள் என்றேன்.

சரி, இறக்கையைத் தாங்குகிற இந்தச் சாய்வுக் கம்பு வெட்டியாயிற்று. இனி முனை. முழங்கை மேசையில், மணிக்கட்டு பலகையின் விளிம்பில், சின்ன விரல் மேசையில் ஊன்றி நிற்க வேண்டும், இப்படி மூன்று இடத்தில் கட்டிப்போட்டால் நடுக்கம் நின்றுபோகாது, சின்னதாகும், அவ்வளவுதான். சின்னதானால் போதும். அதற்கும் ஒரு ஓட்டம் இருக்கிறது, உட்துறைமுகத்தில் கட்டிய தோணி ஏறி இறங்குகிற மாதிரி, ஏறும்போது கத்தியைத் தூக்கிக்கொள்ள வேண்டும், இறங்குகிற இடத்தில் ஒரு இழுப்பு. இதோ. இன்னொன்று. சுருள் சுருளாக வருகிறது. சத்திரசிகிச்சை அறையில் இப்படி ஊன்ற இடமில்லை, அங்கே கை அந்தரத்தில்தான் நிற்க வேண்டும். கடைசியாக அங்கே நின்ற அன்றைக்கு நான் நீட்டிய ஊசிக்குறடு டொக்டரின் கையுறையில் டிக் டிக் என்று இரண்டு தரம் தட்டியது, அவர் கவனிக்கவேயில்லை, எதிரே நின்ற இளம் தாதி லக்சாயினி பிள்ளையும் கவனிக்கவில்லை, அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது. சத்திரசிகிச்சை முடிந்து அவர் கை கழுவிக்கொண்டு நிற்கும்போது நானாகத்தான் போய்ச் சொன்னேன், இனி என்னை மேசை வேலைக்குப் போடாதீங்க டொக்டர். ஒருவரும் என்னைப் பிடித்து வெளியே தள்ளவில்லை. இப்போது கருவிகளைக் கழுவி, அவித்து, பொதி கட்டுகிற அறை என் பொறுப்பில், எந்தக் கத்தரிக்கு வாய் மழுங்கியது, எந்தச் சாவணத்தின் பல் பொருந்தவில்லை என்று தொட்டே சொல்லுவேன், லக்சாயினி சந்தேகம் வந்தால் என்னிடம்தான் ஓடி வருகிறாள். அதையும் விட்டுவிட்டு வா என்கிறார்கள்.

யார் என்கிறார்கள்? முனீப் நேரே சொல்லமாட்டார். துறைமுகத்தில் இழுவைப் படகில் என்ஜினோடு கத்திக் கத்தியோ என்னவோ வீட்டில் அவருக்கு வாயே இல்லை. என் கோப்பையில் தேத்தண்ணியைப் பாதிக்கு மட்டும் ஊற்றித் தருவார், கேட்டால், சூடு என்பார். அவருக்காகக் கதைக்கிறதெல்லாம் அவருடைய ராத்தா, அவருக்கு மூத்தவர், கிண்ணியாவில் இருக்கிற சுஹைரா மதினி. கந்தளாயில் நடந்த அந்தக் கல்யாண வீட்டிலிருந்துதான் இது தொடங்கியது, மாப்பிள்ளையின் உம்மாவுக்கு நான் தேத்தண்ணி நீட்டினேன், கோப்பை தட்டில் கடகடவென்று அடித்தது, அவ்வளவு பேர் இருந்த கூடத்தில் கதை நின்றுபோனது, ஒரு சொட்டு அந்த மனுசியின் சீலையில். ஒரு சொட்டு. அன்றிலிருந்து மதினிக்கு நித்திரையில்லை. கண்ணூறு என்றார், ஓதின தண்ணீர் கொண்டுவந்தார், குடித்தேன், அதில் எனக்கு மறுப்பில்லை, ஓதினதைக் குடிப்பது நல்லதுதான். பிறகு, ஆஸ்பத்திரியில் எத்தனை மையித்து, எத்தனை சாவைப் பார்க்கிறாய், எத்தனை இரத்தம், அதுதான் நரம்பைத் தாக்கியது, வேலையை விட்டால் சரியாகும் என்றார். அதையும் கேட்டுக்கொண்டேன். இன்றைக்கு ஜும்மா தொழுகை முடிந்ததும் வருகிறாராம், பகல் சாப்பாட்டோடு முடிவாகக் கதைக்க வேண்டுமாம். காலையில் முனீப் வெள்ளைச் சேர்ட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, ராத்தா வருவா, கொஞ்சம் மேசையைத் துப்புரவாக்கி வை என்றுவிட்டுப் போனார். பாரை மீன் ஆணம் காய்ச்சி மூடிவிட்டேன், சோறு வடித்தாயிற்று, கத்தரிக்காய் பொரித்தாயிற்று. மேசை மட்டும் துப்புரவாகவில்லை. இந்த வீட்டில் வெளிச்சம் விழுகிற மேசை இது ஒன்றுதான், ஜன்னலுக்கு வெளியே வேலியோரம் ஊருக்குள் திரிகிற மான் ஒன்று நின்று அட்டைப் பெட்டியை மென்றுகொண்டிருக்கிறது, அதற்கப்பால் துறைமுகத்தில் கோதுமை இறக்க வந்த மாக்கப்பல் அசையாமல் கிடக்கிறது, இந்த வெளிச்சத்தை விட்டுவிட்டு நான் எங்கே போவது, கட்டிலுக்குக் கீழேயா?

இப்போது இறக்கை. இதை நாளைக்கு வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், ஏன் நாளைக்கு, யாருக்குப் பயந்து நாளைக்கு… இந்த விமானத்தின் இறக்கை மற்றதுகளைப் போல உடம்பில் செருகுவதில்லை, முதுகில் நிற்கிற ஒரு கட்டைத் தூணின் மேல் முழு இறக்கையும் குடை மாதிரி அமர வேண்டும், இரண்டு பக்கமும் சாய்வுக் கம்புகள் முட்டுக் கொடுக்க வேண்டும், ரேப் போட்டுப் பார்த்தேன், இழுபட்டுச் சரிகிறது, கிளிப்புக்கு வாய் போதாது. கையால்தான் பிடிக்க வேண்டும். பசையில் தூரிகையைத் தோய்த்து விளிம்பில் தொட்டால் போதும், அது தானாகவே இடுக்குக்குள் ஓடிப்போகும், இரண்டு பக்கத்தையும் மெல்ல உருக்கி ஒன்றாக்கும், பிறகு அது ஒட்டினதல்ல, ஒரே உடம்பு. பிஸ்மில்லாஹ். தூணில் தொட்டேன், கம்புகளில் தொட்டேன், இறக்கையை இறக்கினேன், பிடித்தேன். ஊன்ற இடமில்லை. முழங்கை மட்டும் மேசையில், இரண்டு கை விரலும் உயரத்தில். அந்தரம். சத்திரசிகிச்சை மேசையைப் போலவே… நடுக்கம் வருகிறது, வரட்டும், மூச்சை அடக்கு, இல்லை, அடக்காதே, அடக்கினால் கூடும், மெல்ல விடு, ஸுல்பிகா, மெல்ல.

வெளிக்கதவு தட்டப்பட்டது.

யார் என்று கேட்கத் தேவையில்லை, மதினி தட்டினால் கதவுக்கே தெரியும். முனீப் பள்ளியிலிருந்து இன்னும் வரவில்லை போல, கிண்ணியா பஸ் முந்திவிட்டது. எழும்பினால் இறக்கை சரியும். உருகிய இடம் ஒருதரம் இழுபட்டால் பிறகு நூல் நூலாக வரும், நேராக்க முடியாது, கெட்டதுதான். இன்னொரு தரம் தட்டினார், என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். வாசலில் வெயில் கொளுத்துகிறது, வயதுக்கு மூத்த மனுசி, கையில் பையும் இருக்கும், எழும்புவதுதானே மரியாதை… இந்த வீட்டில் கல்யாணம் முடித்து வந்த நாளிலிருந்து எந்தத் தட்டலுக்கு நான் எழும்பாமல் இருந்தேன்? எழும்பவில்லை. பிடித்துக்கொண்டே இருந்தேன். பயம் மாதிரி ஒன்று வந்தது, அதோடு, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஒரு சந்தோசமும்.

கேற் சத்தம், முனீப்பின் செருப்புச் சத்தம், திறப்பு பூட்டில் திரும்புகிற சத்தம். உள்ளே வந்தார்கள். மதினி முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், சாம்பல் நிற விமானத்தைப் பார்த்தார்.

“என்ன புள்ள, கதவத் துறக்க ஏலாதா? வெயிலுக்க எவ்வளவு நேரம் நிக்கிற?”

“கையில வேல இருக்கு மதினி. விட ஏலாது.”

இது வேலையா என்று என்னைக் கேட்கவில்லை, தம்பியைப் பார்த்துக் கேட்டார். பிறகு கதிரையில் உட்கார்ந்து தொடங்கினார், சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், சனம் கேள்விப்பட்டால் கை மட்டுமல்ல புத்தியும் தடுமாறிவிட்டது என்றுதான் கதைக்கும், உன்னை யாரும் குறை சொல்லவில்லை, அவன் உழைக்கிறான், உனக்கு என்ன குறை, வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் ஆறுதலாக இரு, கை தானாக அடங்கும். குரலில் வெறுப்பில்லை. அதுதான் கஷ்டம், வெறுப்பிருந்தால் எனக்கு லேசு. நான் கேட்டுக்கொண்டிருந்தேன், விரலுக்கு அடியில் பிளாஸ்ரிக் இன்னும் இளகித்தான் இருந்தது. முனீப் சுவரோரம் நின்றார், தொப்பியைக் கூடக் கழற்றவில்லை. மதினி கதையை முடித்துவிட்டு எழும்பினார், சரி, முதலில் சாப்பிடுவோம், இதை நான் அங்கால வைக்கிறன் என்று மேசைக்குக் கையை நீட்டினார், வெட்டுப்பலகையை, அரத்தை, பசைப் போத்தலை ஒரு பக்கமாக ஒதுக்கத் தொடங்கினார், போத்தல் மூடியில்லாமல் திறந்து கிடந்தது.

“தொடாதீங்க மதினி.”

என் குரல் பெரிதாக இல்லை. சத்திரசிகிச்சை அறையில் புதுப்பிள்ளை யாராவது கிருமி நீக்கி விரித்த துணியின் மேல் கையை வைக்கப் போனால் சொல்லுகிற குரல் அது, இந்த வீட்டில் அதை நான் எடுத்ததில்லை. அவருடைய கை அப்படியே நின்றது.

“இந்த மேசைய இண்டைக்கு எடுக்க ஏலாது. சோறு குசினியில இருக்கு, பாய் விரிச்சிச் சாப்பிடுவம். வேலைய நான் விட மாட்டன். இனி உன்னால ஏலாதெண்டு ஆஸ்பத்திரியில சொல்ற அண்டைக்கு வீட்ட வருவன், நானாப் போய் எழுதிக் குடுக்க மாட்டன். கை நடுங்கும். கல்யாண வீட்டிலயும் நடுங்கும், உங்கட வீட்டிலயும் நடுங்கும். பாக்கிற ஆக்கள் பாக்கட்டும்.”

மதினி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு தம்பியிடம், உன்ட பொஞ்சாதி, நீயே கதைச்சுக்கொள் என்றார். பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை, குசினிக்குள் போனார், சட்டி மூடி திறபடுகிற சத்தம் கேட்டது, பாய் உதறுகிற சத்தமும். கோபமாகத்தான் உதறினார்.

கதைத்து முடித்ததும்தான் கை என்னைப் பழிவாங்கத் தொடங்கியது, இவ்வளவு நேரமும் எங்கே ஒளிந்திருந்ததோ, தோள்பட்டையிலிருந்து இறங்கி விரல் நுனிக்கு வந்தது, இடது பக்கம் பிடித்திருக்கிறேன், வலது பக்கம் தாழ்கிறது, கம்பு தன் குழியை விட்டுக் கொஞ்சம், ஒரு மயிரளவு, நழுவுகிறது, இல்லை, இன்னும் கொஞ்ச நேரம்தான், விடமாட்டேன், நெற்றி வேர்வை கண்ணில் இறங்குகிறது, துடைக்க ஒரு கையில்லை, யாரையும் கூப்பிடவும் மாட்டேன்… அப்போது முனீப் பக்கத்தில் வந்து குந்தினார். என்ன செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை. என்ஜின் எண்ணெய் போகாத அந்தத் தடித்த விரல் இரண்டையும் இறக்கையின் வலது நுனிக்கு அடியில் கொடுத்து, மெல்ல, மிக மெல்ல உயர்த்தினார். கம்பு குழிக்குள் போய் அமர்ந்தது. இன்னும் விடாதீங்க, காயவில்லை என்றேன். உத்தரவு மாதிரித்தான் சொன்னேன். ஓம் என்றார்.

முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மூச்சு என் முழங்கையில் படுகிறது, கொழும்பில் அந்த டொக்டரின் அறையில் அல்ஹம்துலில்லாஹ் என்றவரின் மூச்சு, அந்தப் பெருமூச்சுக்கு முந்தி, எனக்கு என்ன ஆகுமோ என்று பயந்து, எத்தனை நாளாக அதை அடக்கி வைத்திருந்தார், நான் ஏன் அதைக் கேட்கவேயில்லை, சனத்தின் கதைக்குத்தான் பயப்படுகிறார் என்று நானாக முடிவு செய்து இத்தனை மாதமும் மனதுக்குள் அவரோடு சண்டை பிடித்தேனா… அப்படியிருந்தாலும் வேலையை விடமாட்டேன். அது வேறு, இது வேறு. நாளைக்கும் விடியப்புறம் போய் அந்தக் கருவி அறையைத் திறப்பேன். ஆனால் இறக்கை நடுங்குகிறது. என் விரல்களைப் பார்த்தேன், அவர் தாங்கியதில் பாரம் குறைந்து இறக்கையில் பட்டும் படாமலும் இருந்தன, பரீட்சித்துப் பார்க்க ஒரு கணம் மெல்ல எடுத்தேன், முழுதாக எடுத்துவிட்டேன், இறக்கை அவருடைய விரலின் மேல் மட்டும் நின்றது, அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.